பாட்டியின் குரல் ஏன் திக்கியது?

பழைய வீட்டு வீடியோவை டிவிடியில் பதிவோர் கவனிக்க வேண்டியவை

பாட்டியின் திதிக்கு உறவினர்கள் செர்டாங்கில் உள்ள எங்கள் வீட்டில் கூடியிருந்தார்கள். படையலும் சாப்பாடும் முடிந்தபின், எல்லாரையும் கூடத்தில் உட்கார வைத்து டிவிடி பெட்டியைப் போட்டேன். அது தோட்டத்து மாரியம்மன் கோயில் திருவிழாவில் எடுத்த வீடியோ. அப்பாவின் அலமாரியில் பல ஆண்டுகளாகக் கிடந்த வி.எச்.எஸ். கேசட்டிலிருந்து நானே கணினியில் ஏற்றி, தட்டில் பதிந்திருந்தேன். பாட்டி பேசுவதும் நடப்பதும் பதிவாகியிருப்பது அந்த ஒரு கேசட்டில் மட்டும்தான்.

தொடக்கத்தில் படம் நன்றாகத்தான் ஓடியது. கரகம் ஆடி வரும் இடம் வந்ததும் விட்டு விட்டு ஓடத் தொடங்கியது. அடுத்து, கூட்டத்துக்கு நடுவில் நின்று பாட்டி பேரப்பிள்ளைகளுக்குத் திருநீறு பூசி வாழ்த்தும் காட்சி. அங்கே படம் நின்றது, ஓடியது, மறுபடியும் நின்றது.

"ஏன் தம்பி, அம்மா பேசறது வெட்டி வெட்டி வருது?" என்று கேட்டார் கூலிமிலிருந்து வந்திருந்த அத்தை.

என்னிடம் பதில் இல்லை. முதல்நாள் இரவு அதே தட்டைக் கணினியில் போட்டுப் பார்த்தபோது ஒரு குறையும் தெரியவில்லை. அந்தக் கேள்விக்குப் பதில் தேடி இரண்டு வாரம் அலைந்ததில் கற்றுக்கொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன். நம்மில் பலரது வீட்டு அலமாரியிலும் இப்படி ஒரு கேசட் இருக்கும். அதில் இருக்கும் லயத்து வீடுகள் இன்று இல்லாமல் போயிருக்கலாம்.

எந்த இடத்தில் கெட்டது?

தட்டு திக்கினால் உடனே புதிய தட்டு வாங்கி மறுபடியும் பதிவதுதான் பலர் செய்வது. நானும் மூன்று தட்டுகளை அப்படித்தான் வீணாக்கினேன். கோளாறு எந்தக் கட்டத்தில் நுழைந்தது என்று தெரியாமல் எத்தனை தட்டு பதிந்தாலும் பயன் இல்லை.

கேசட்டிலிருந்து டிவிக்குப் படம் நான்கு கட்டங்களைக் கடந்து வருகிறது. முதலில் கணினியில் ஏற்றுகிறோம். பிறகு டிவிடிக்கு உரிய வடிவத்துக்கு மாற்றுகிறோம். அதன்பின் தட்டில் பதிகிறோம். கடைசியாக வீட்டு டிவிடி பெட்டி அதைப் படிக்கிறது. இதே வரிசையில் சோதித்து வாருங்கள். கணினியில் ஏற்றிய கோப்பையே ஓட்டிப் பாருங்கள். அதிலேயே திக்கினால் குற்றம் தட்டில் இல்லை. அது சரியாக ஓடினால், மாற்றிய கோப்பைத் தட்டில் பதிவதற்கு முன்பே ஓட்டிப் பாருங்கள். அதுவும் சரி என்றால், பதிந்த தட்டை வேறொரு டிவிடி பெட்டியில் போட்டுப் பாருங்கள். அங்கே ஓடினால் உங்கள் வீட்டுப் பெட்டியின் லென்ஸில் தூசு படிந்திருக்கலாம், அல்லது பெட்டி பழசாகியிருக்கலாம்.

ஏற்றும்போதே விடுபடும் படங்கள்

மலேசியாவில் வீட்டு வீடியோக்கள் 'பேல்' முறையில் பதிவானவை. அதாவது ஒரு விநாடிக்கு 25 படங்கள். கேசட் ஓடிக்கொண்டே இருக்கும், கணினிக்காக அது காத்திருக்காது. அந்த நேரத்தில் கணினி வைரஸ் சோதனையிலோ வேறு வேலையிலோ மூழ்கியிருந்தால் சில படங்களைத் தவற விட்டுவிடும். படம் குதிப்பதும், போகப் போக உதட்டசைவும் குரலும் பொருந்தாமல் போவதும் இதன் அடையாளம். ஏற்றும்போது மற்ற எல்லாவற்றையும் மூடிவிடுங்கள். கருவியைக் கணினியின் யுஎஸ்பி துளையிலேயே நேராகச் செருகுங்கள். வன்தட்டில் தாராளமாக இடம் இருக்கட்டும். மினிடிவி கேசட் என்றால் ஒரு மணி நேரத்துக்கு ஏறத்தாழ 13 ஜிபி தேவைப்படும்.

கேசட்டையும் கவனிக்க வேண்டும். நம் நாட்டு ஈரக்காற்றில் நாடாவின் மேல் வெள்ளையாகப் பூஞ்சை பிடிக்கும். கேசட்டின் சன்னல் வழியாகப் பார்த்தால் தெரியும். அப்படி இருந்தால் பிளேயரில் போடவே கூடாது. பூஞ்சை பிளேயரின் தலையில் ஒட்டி, அடுத்துப் போடும் நல்ல கேசட்டையும் கெடுத்துவிடும். அதைச் சுத்தம் செய்யத் தெரிந்தவரிடம்தான் கொடுக்க வேண்டும். பூஞ்சை இல்லாத கேசட்டை ஒருமுறை கடைசிவரை ஓட்டி, திரும்பச் சுற்றிய பிறகு பதிவு செய்யுங்கள். நெடுங்காலம் ஒரே நிலையில் இருந்த நாடா இதனால் கொஞ்சம் தளர்ந்து சீராக ஓடும்.

இரண்டடி முன்னே, ஓரடி பின்னே

ஆட்கள் அசையாமல் நிற்கும்போது படம் நன்றாக இருந்து, யாராவது நடந்தாலோ கேமரா திரும்பினாலோ மட்டும் நடுங்குகிறதா? அப்படியானால் காரணம் வேறு. பழைய கேமராக்கள் ஒவ்வொரு படத்தையும் இரண்டு பாதிகளாகப் பதிந்தன. ஒன்று மேல்வரிசைப் பாதி, மற்றது கீழ்வரிசைப் பாதி. இப்படி விநாடிக்கு 50 பாதிகள். எது முதலில் என்பதை மென்பொருள் தவறாக எடுத்துக்கொண்டால், 1, 2, 3, 4 என்று வரவேண்டியவை 2, 1, 4, 3 என்று வரும். நடப்பவர் இரண்டடி முன்னே வைத்து ஓரடி பின்னே வைப்பதுபோல் தெரியும்.

கணினித் திரையில் இது பெரும்பாலும் கண்ணுக்குப் படாது. டிவியில் போட்டால்தான் தெரியும். மென்பொருளில் 'ஃபீல்டு ஆர்டர்' என்ற அமைப்பைத் தேடுங்கள். மினிடிவி கேசட்டுக்குக் கீழ்வரிசை முதலில் வரவேண்டும். வி.எச்.எஸ். கேசட்டை யுஎஸ்பி கருவி வழியாக ஏற்றினால் பெரும்பாலும் மேல்வரிசை முதலில் வரும். சந்தேகம் இருந்தால், ஆட்கள் நடக்கும் ஒரு நிமிடக் காட்சியை இரண்டு விதமாகவும் பதிந்து டிவியில் பாருங்கள். எது சரி என்று ஒரே பார்வையில் தெரிந்துவிடும்.

கேமரா திரும்பும்போதெல்லாம் படம் ஒரே சீராக வெட்டி வெட்டி நகர்ந்தால், 'என்.டி.எஸ்.சி.' அமைப்பைச் சந்தேகப்படுங்கள். அது அமெரிக்காவிலும் ஜப்பானிலும் வழங்கிய முறை. விநாடிக்கு ஏறத்தாழ 30 படங்கள். பல மென்பொருள்களில் நாம் மாற்றாவிட்டால் அதுதான் இருக்கும். 25 படங்களை 30 ஆக்குவதற்காக, அது விநாடிக்கு 5 படங்களை இரட்டித்துக் காட்டும். பழைய கேசட்டுக்கு 'பேல்' அமைப்பையே தேர்ந்தெடுங்கள். கைப்பேசியில் எடுத்த வீடியோ பெரும்பாலும் 30 படங்கள் கொண்டது. அதைத் தனித் தட்டில் என்.டி.எஸ்.சி. முறையில் பதிவது நல்லது. நம் ஊரில் விற்ற டிவிடி பெட்டிகளில் பெரும்பாலானவை இரண்டு முறைகளையும் ஏற்கும்.

நான் செய்த தவறு

பாட்டியின் வீடியோவில் மேலே சொன்ன எதுவும் இல்லை. கணினியில் ஏற்றிய கோப்பு நன்றாக இருந்தது. மாற்றிய கோப்பும் நன்றாகத்தான் ஓடியது. கோளாறு என் ஆசையில் இருந்தது.

"பாட்டி படமாயிற்றே, தரம் குறையக் கூடாது" என்று எண்ணி, மென்பொருளில் தரத்தை எவ்வளவு உயர்த்த முடியுமோ அவ்வளவு உயர்த்தி வைத்திருந்தேன். டிவிடி பெட்டிக்கு ஒரு வரம்பு உண்டு. படம், ஒலி எல்லாம் சேர்ந்து விநாடிக்கு 10.08 மெகாபிட்டுக்கு மேல் போகக் கூடாது. படத்துக்கு மட்டும் 9.8 தான் உச்சம். நான் படத்துக்கு 9 வரை போகவிட்டு, ஒலியைச் சுருக்காமல் 'பி.சி.எம்.' முறையில் வைத்திருந்தேன். சுருக்காத ஒலியே 1.5 மெகாபிட் தின்னும். இரண்டும் சேர்ந்து 10.5 ஆகிவிட்டது.

அசைவு குறைந்த காட்சிகளுக்குத் தகவல் குறைவாகத் தேவைப்படும். அங்கே பெட்டி சமாளித்தது. கரகமும் கூட்டமும் வந்த இடத்தில் தகவல் உச்சத்துக்கு ஏறியது, பெட்டி திணறியது. கணினி தட்டைப் பல மடங்கு வேகமாகப் படிப்பதால் அதில் மட்டும் ஒழுங்காக ஓடியிருக்கிறது. அத்தையின் கேள்விக்கு இதுதான் பதில்.

ஒலியை 'டால்பி டிஜிட்டல்' முறைக்கு மாற்றினேன். அதற்கு 0.2 மெகாபிட்டுக்கும் குறைவாகவே போதும். 4.7 ஜிபி தட்டில் ஒரு மணி நேர வீடியோவுக்கு 8, ஒன்றரை மணி நேரத்துக்கு 6, இரண்டு மணி நேரத்துக்கு 4.5 மெகாபிட் என்று வைத்துக்கொண்டால் பயமில்லை. வி.எச்.எஸ். கேசட்டில் உள்ள தெளிவே குறைவு. ஆகவே அதற்கு மேல் உயர்த்துவதால் கண்ணுக்கு ஒன்றும் கூடுதலாகத் தெரியப்போவதில்லை.

தட்டும் வேகமும்

எப்போதும் ஒரே நிமிடத்தில் படம் உறைந்தால், தட்டில் அந்த இடம் சரியாகப் பதியவில்லை என்று கொள்ளலாம். தட்டு நடுவிலிருந்து வெளிப்பக்கமாகப் பதியப்படுகிறது. வெளி விளிம்பில்தான் பிழைகள் அதிகம். முக்கியமான காட்சி கடைசியில் இருந்தால் தட்டை விளிம்புவரை நிரப்பாதீர்கள். 16 மடங்கு வேகத்துக்கான தட்டில் 8 மடங்கு வேகத்தில் பதியுங்கள். பதிந்தபின் சரிபார்க்கும் 'வெரிஃபை' வசதியையும் போட்டுவிடுங்கள்.

தட்டின் மேல் காகித லேபிள் ஒட்ட வேண்டாம். சுழலும்போது தட்டு ஆட்டம் காணும். இதற்கென்று விற்கும் மென்மையான பேனாவால் எழுதினால் போதும். சோதனைக்கு அழித்து எழுதும் 'டிவிடி ஆர்.டபிள்யூ.' தட்டு சிக்கனமானது. ஆனால் அது ஒளியைக் குறைவாகவே திருப்பும் என்பதால் சில பழைய பெட்டிகள் அதையே படிக்கத் தடுமாறும். அதில் திக்கியது என்பதற்காக வீடியோவையே சந்தேகப்பட வேண்டாம்.

கேசட்டை எறியாதீர்கள்

டிவிடி ஆகிவிட்டது என்று கேசட்டைக் குப்பையில் போடுபவர்கள் உண்டு. வெயிலும் வெப்பமும் பட்டால் வீட்டில் பதிந்த தட்டும் மங்கும். கணினியில் ஏற்றிய மூலக் கோப்பை வன்தட்டு ஒன்றில் வைத்திருங்கள். இன்னொரு படியை வேறு வீட்டில் இருக்கும் உறவினரிடம் கொடுத்து வையுங்கள். கேசட்டை ஈரம் படாத இடத்தில் நிமிர்த்தி வையுங்கள். அதேசமயம், கேசட்டைக் கணினியில் ஏற்றும் வேலையைத் தள்ளிப்போடவும் வேண்டாம். வி.எச்.எஸ். பிளேயர் தயாரித்துவந்த கடைசி நிறுவனமான ஜப்பானின் ஃபுனாய் 2016 ஜூலையோடு தயாரிப்பை நிறுத்திவிட்டது. ஓடும் பிளேயர்கள் ஒவ்வொன்றாகக் குறைந்துகொண்டே வருகின்றன.

புதிய தட்டை எடுத்துக்கொண்டு கூலிமுக்குப் போனேன். அத்தையின் வீட்டில் இருப்பது பழைய டிவிடி பெட்டிதான். இந்த முறை பாட்டியின் வாழ்த்து ஒரு சொல்கூட விடாமல் கேட்டது. அத்தை கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு ரிமோட்டை வாங்கிக்கொண்டு படத்தை அங்கங்கே நிறுத்தினார்.

"இது மூணாவது லயத்து அக்கா. இவரு பால் கொட்டாயில இருந்தவரு. இந்தப் பிள்ளை இப்போ பாரிட் புந்தார்ல இருக்கு."

எனக்குத் தெரியாத முகங்கள் எல்லாம் அத்தைக்குத் தெரிந்திருந்தன. அத்தை சொல்லச் சொல்ல நோட்டுப் புத்தகத்தில் எழுதிக்கொண்டேன். இருபத்து மூன்று பேர் தேறினார்கள். நான்கு பேரை அத்தைக்கும் நினைவில்லை. நிபோங் திபாலில் இருக்கும் பெரியப்பாவிடம் அடுத்த வாரம் தட்டைக் கொண்டுபோய்க் காட்டிக் கேட்கப் போகிறேன்.