சுருதிக்குப் பின்னால் நிற்கும் 250 வோல்ட்

கச்சேரி இசைத்தட்டில் முள் இறங்கியதும் முதலில் தம்புராதான் கேட்கும். பாடுபவர் வாய் திறப்பதற்கு முந்தைய அந்தச் சில நொடிகளில் பாட்டுப்பெட்டியின் யோக்கியதை தெரிந்துவிடும். ஈப்போ புந்தோங்கில் என் வீட்டு முன்னறையில் நானே கூட்டிய வால்வு பிரீஆம்ப்ளிஃபையரில், தம்புராவுக்கு அடியில் இன்னொரு சுருதியும் கேட்டது. எந்தக் கட்டையிலும் சேராத ரீங்காரம். அதை வெளியேற்ற எனக்கு ஆறு மாதம் பிடித்தது.

அந்த இரண்டாவது சுருதி சுவரிலிருந்து வருகிறது. நம் வீட்டு மின்சாரம் நொடிக்கு 50 சுழற்சி ஓடுகிறது. டயோடுகள் அதை ஒரே திசைக்குத் திருப்பிவிடும்போது நொடிக்கு 100 மேடும் 100 பள்ளமும் கிடைக்கும். கெபாசிட்டர் பள்ளங்களை நிரப்பும், முழுதாக நிரப்பாது. என் பெட்டியில் முதல் கெபாசிட்டர் 47 மைக்ரோஃபேரட். அதிலிருந்து 35 மில்லிஆம்பியர் எடுத்தால் அழுத்தம் ஏறத்தாழ 7 வோல்ட் ஏறி இறங்கும். இசைத்தட்டு முள் தருவதோ வெறும் 4 அல்லது 5 மில்லிவோல்ட். இசைத்தட்டில் தாழ்ந்த சுருதிகளைக் குறுக்கித்தான் வெட்டுவார்கள். பிரீஆம்ப் அவற்றை மீண்டும் உயர்த்திக் கொடுக்க வேண்டும். 1,000 சுழற்சி ஒலியை 100 மடங்கு பெருக்கும் பெட்டி, 100 சுழற்சி ஒலியை 450 மடங்கு பெருக்கும். ரீங்காரம் நிற்பது சரியாக அந்த 100-இல்.

இன்னொன்றும் உண்டு. இதை உணர எனக்கு வெகுகாலம் ஆனது. வால்வு பாட்டை இழுத்துப் பெரிதாக்குவதாக நாம் நினைக்கிறோம். உண்மையில் முள் தரும் சிறு அலையை அச்சாக வைத்து, 250 வோல்ட் மின்சாரத்தை அந்த வடிவில் வார்க்கிறது. நம் காதுக்கு வந்து சேர்வது அந்த மின்சாரம்தான். மாவில் கல் இருந்தால் இட்லியிலும் கல் இருக்கும்.

நான் பிறந்தது சுங்கை சிப்புட் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில். அப்பா பால்மரம் வெட்டினார். பேராக் ஆற்றில் செண்டரோ அணை 1930-லேயே மின்சாரம் தரத் தொடங்கி, கிந்தாப் பள்ளத்தாக்கின் வெள்ளீயச் சுரங்கங்களை ஓட்டியது. என் சின்ன வயதில்கூட நாங்கள் குடியிருந்த லயத்துக்கு அந்த வெளிச்சம் வந்து சேரவில்லை. தோட்டத்து லைட் இன்ஜின் சாயங்காலம் ஓடும், இரவு பத்து மணிக்கு நிற்கும். ஸ்டோரில் மோட்டார் ஓடத் தொடங்கினால் லயம் முழுவதும் பல்பு மங்கும். ஓரிடத்தில் ஒருவர் இழுத்தால் மற்றவர்களுக்குக் குறையும் என்பதை அந்த பல்பில்தான் கற்றேன்.

தண்ணீர் அப்படி இல்லை. மேட்டில் ஒரு தொட்டி இருந்தது. மலை ஊற்றுத் தண்ணீர் குழாய் வழியாக இரவும் பகலும் ஒரே அளவில் அதில் விழும். தொட்டி எப்போதும் விளிம்பு வரை நிறைந்திருக்கும். மிச்சம் வழிந்து வாய்க்காலில் ஓடும். லயத்தில் யார் வாளி பிடித்தாலும் வழிகிற தண்ணீர்தான் குறையும், தொட்டியின் மட்டம் இறங்காது. காலையில் எல்லோரும் ஒரே நேரத்தில் குழாய் திறந்தாலும் வேகம் மாறியதில்லை.

என் பெட்டியில் 250 வோல்ட்டை அசையாமல் நிறுத்தும் ஷண்ட் ரெகுலேட்டர் அந்தத் தொட்டிதான். சாதாரண ரெகுலேட்டர் குழாயடியில் உட்கார்ந்து, கேட்ட அளவுக்குத் திறந்து மூடும். ஷண்ட் வகையில் இரண்டு பேர் வேலை செய்கிறார்கள். ஒருவர் ஊற்று: எது நடந்தாலும் ஒரே அளவு மின்னோட்டத்தை அனுப்புவார். இன்னொருவர் வழிகால்: வால்வுகள் எடுத்தது போக மிஞ்சியதை வாங்கித் தரைக்கு விடுவார். வால்வுக் காலத்திலேயே இதற்கு 0ஏ2 என்ற கண்ணாடிக் குழல் இருந்தது. 5 முதல் 30 மில்லிஆம்பியர் வரை எவ்வளவு ஓடினாலும், ஊதா ஒளி வீசிக்கொண்டு 150 வோல்ட்டை ஒட்டி நிற்கும்.

என் கணக்கைச் சொல்கிறேன். மூன்று வால்வுகள். இரண்டு ஈசிசி83, பெங்களூர் பாரத் எலக்ட்ரானிக்ஸ் முத்திரை போட்டவை, ஒரு ஈசிசி82. மூன்றும் சேர்ந்து 15 மில்லிஆம்பியர் கேட்கும். டிரான்ஸ்ஃபார்மர், டயோடு, கெபாசிட்டர் தாண்டி 345 வோல்ட் நிற்கிறது. மலேசியாவில் 2008 முதல் வீட்டு மின்சாரம் 230 வோல்ட் என்று கணக்கு; 216 வரை இறங்கலாம், 253 வரை ஏறலாம். அப்படி ஏறினால் என் 345 வோல்ட் 380-ஐத் தொடும். அதனால் கெபாசிட்டர்கள் 450 வோல்ட் தாங்குபவை.

ஊற்றாக இரண்டு டிஎன்2540 டிரான்சிஸ்டர்கள், 35 மில்லிஆம்பியருக்குக் கட்டியவை. வழிகாலாக ஒரு ஐஆர்எஃப்840 மாஸ்ஃபெட். விளிம்பு எது என்று அதற்குச் சொல்ல, 47 வோல்ட் சேனர் டயோடுகள் ஐந்தும் 12 வோல்ட் ஒன்றும் வரிசையாக. கூட்டினால் 247. மாஸ்ஃபெட் விழித்துக்கொள்ள ஏறத்தாழ 3 வோல்ட். ஆக 250. அழுத்தம் அதற்கு மேல் கொஞ்சம் ஏறினால் சேனர் வழியாகக் கூடுதலாக ஓடும், மாஸ்ஃபெட் இன்னும் திறக்கும், அழுத்தம் உடனே இறங்கும். மாஸ்ஃபெட்டின் கேட் காலை ஒட்டி 220 ஓம் ரெசிஸ்டர் ஒன்று கட்டாயம். அது இல்லாவிட்டால் மாஸ்ஃபெட் தானே கூவத் தொடங்கிவிடும்.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது, பாட்டின் மின்னோட்டம் போகும் பாதை. வால்வு பாடும்போது எடுத்துவிடும் அலை, பக்கத்தில் இருக்கும் மாஸ்ஃபெட் வழியாகவே சுற்றி முடிகிறது. ஊற்று அதைப் பின்னால் விடாது. டயோடுகளின் அழுக்கையும் முன்னால் விடாது.

பக்கத்து வீட்டுத் தம்பி பாலிடெக்னிக்கில் படிக்கிறான். கணக்கைப் பார்த்துவிட்டு, "ஏன் அங்கிள், 15 வேணும்னா 35 எடுத்து மீதியைச் சும்மா சூடாக்குறீங்க?" என்றான். நியாயமான கேள்வி. ரெகுலேட்டர் எப்போதும் 12 வாட் எடுக்கிறது, வால்வுக்குப் போவது 4 வாட்டுக்கும் குறைவு. "வழியிறதை நிறுத்தினா தொட்டி நிறைஞ்சிருக்காது, தம்பி" என்றேன்.

ஒருநாள் அந்தத் தம்பியின் கை போயிருக்கக்கூடும். ஐஆர்எஃப்840-இன் உலோக முதுகு 250 வோல்ட்டில் இருக்கிறது. அதற்கும் ஹீட்சிங்க்குக்கும் நடுவே மைக்கா தகடு வைத்துத்தான் முடுக்க வேண்டும். வைத்திருந்தேன். ஆனால் ஹீட்சிங்கில் துளை போட்டபோது நின்ற பிசிரை நான் அரம் போட்டுத் தேய்க்கவில்லை. அது மைக்காவைக் கிழித்திருந்தது. மின்சாரம் கொடுப்பதற்கு முன் மீட்டர் வைத்துப் பார்க்கும் பழக்கத்தால் தெரிந்தது. இல்லையென்றால் வெந்நீர்ப் பாத்திரம் போல் தொட்டுப் பார்க்கத் தோன்றும் அந்த அலுமினியத் துண்டு ஆளைக் கொன்றிருக்கும். அன்று வேலையை மூடிவிட்டு வெளியே போய் உட்கார்ந்தேன்.

இதைப் படித்துவிட்டு யாராவது செய்யத் துணிந்தால் கேட்டுக்கொள்ளுங்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கெபாசிட்டரில் உயிர் இருக்கும். அதன் குறுக்கே 220 கிலோஓம், 2 வாட் ரெசிஸ்டர் போடுங்கள். அரை நிமிடத்தில் 20 வோல்ட்டுக்குக் கீழே வந்துவிடும். வந்ததா என்று மீட்டரில் பார்த்த பிறகே கை வையுங்கள். ஓடும் பெட்டியை அளக்கும்போது ஒரு கை முதுகுக்குப் பின்னால் இருக்கட்டும். பெட்டியின் தகடு மூன்று முள் பிளக்கின் எர்த்தோடு சேர்ந்திருக்கட்டும். முதல்முறை 40 வாட் குண்டு பல்பு ஒன்றை வரிசையில் போட்டு ஓட்டுங்கள். எங்காவது தப்பு இருந்தால் பல்பு எரிந்து சொல்லிவிடும்.

வால்வுகளை மாட்டாமல், 15 கிலோஓம் ரெசிஸ்டரைச் சுமையாக வைத்துச் சோதித்தேன். மீட்டரில் 250. ரெசிஸ்டரைக் கழற்றினேன். 250. இப்போது மொத்த 35 மில்லிஆம்பியரும் மாஸ்ஃபெட் தலையில்; 9 வாட்டை நெருங்கும் சூடு. வால்வுகள் குளிர்ந்திருக்கும் முதல் அரை நிமிடத்திலும் இதே நிலைதான், அதனால்தான் ஹீட்சிங்க் பெரிதாக வேண்டும். ஏசி அளவுக்கு மாற்றிப் பார்த்தேன். 7 வோல்ட்டாக இருந்த அலை ஒரு மில்லிவோல்ட்டுக்கும் கீழே போயிருந்தது.

நான் பிறந்த தோட்டத்தில் இப்போது செம்பனை நிற்கிறது. லயமும் இல்லை, மேட்டுத் தொட்டியும் இல்லை. அந்தத் தண்ணீர் வீணாகிறதே என்று சின்ன வயதில் அம்மாவிடம் சொல்லியிருக்கிறேன். வாய்க்கால் ஓரமாக அவர் போட்டிருந்த கீரைப் பாத்தியைக் காட்டிவிட்டுப் போய்விட்டார்.

போன ஞாயிற்றுக்கிழமை தம்பி மறுபடி வந்தான். சுவிட்சைப் போட்டேன். வால்வுகள் சிவந்தன. வால்யூமை முக்கால்வாசி திறந்து வைத்தேன். அவன் ஸ்பீக்கர் பக்கத்தில் காதைக் கொண்டுபோய், "இன்னும் ஆன் பண்ணலையா அங்கிள்?" என்றான். நான் வால்யூமை இறக்கிவிட்டு, முள்ளை மெதுவாக இசைத்தட்டில் வைத்தேன். தம்புரா வந்தது. ஒரே சுருதி.