பாட்டுக் கோப்பில் தொலைந்த ஒலி



சென்ற ஆண்டு ஏனாத்தூரில் எங்கள் இயற்பியல் ஆய்வகத்துக்கு ஒரு மாணவர் கைப்பேசியுடன் வந்தார். காலமாகிவிட்ட அவருடைய தாத்தா பட்டு நெசவாளர், மிருதங்கமும் வாசிப்பார். அவர் வாசிப்பின் பதிவு ஒன்று உறவினர்களின் கைப்பேசிகளையெல்லாம் சுற்றி வந்திருந்தது. கேட்டுப் பார்த்தேன். அடிகள் மழுங்கியிருந்தன; தம்புரா தண்ணீருக்குள்ளிருந்து ஒலிப்பதுபோல் இருந்தது. "பழைய ஒலியைத் திரும்பக் கொண்டுவர முடியுமா, சார்?" என்று கேட்டார். விடை சொல்வதற்கு முன், ஒலி எப்படித் தொலைந்தது என்று பார்ப்போம்.

ஒலி எண்ணாகிறது

ஒலி என்பது காற்றழுத்தத்தில் ஏற்படும் ஏற்ற இறக்கம். 1982இல் விற்பனைக்கு வந்த குறுந்தகட்டில், இந்த ஏற்ற இறக்கத்தை நொடிக்கு 44,100 முறை அளந்து, ஒவ்வோர் அளவையும் 16 பிட் எண்ணாக எழுதினார்கள். இடம், வலம் என இரண்டு தடங்கள். பெருக்கிப் பாருங்கள்: நொடிக்கு 14,11,200 பிட்! ஐந்து நிமிடப் பாட்டுக்கு ஏறத்தாழ 53 மெகாபைட் வேண்டும். அதே பாட்டை நொடிக்கு 128 கிலோபிட் வீதத்தில் எம்பி3 கோப்பாக்கினால் 4.8 மெகாபைட் போதும். பதினொரு பங்கில் பத்துப் பங்கு எங்கே போயிற்று?

தறிச் சத்தமும் கடிகாரமும்

காஞ்சிபுரத்தில் ஒரு தறி வீட்டுக்குப் போயிருக்கிறீர்களா? தறி ஓடும்போது சுவர்க் கடிகாரத்தின் 'டிக் டிக்' கேட்பதில்லை. தறி நின்றதும் கேட்கிறது. கடிகாரம் நடுவில் நிற்கவில்லை. உரத்த ஒலி மெல்லிய ஒலியை மறைத்துவிட்டது. இதற்கு 'ஒலி மறைப்பு' என்று பெயர். இரண்டு ஒலிகளின் அதிர்வெண்களும் அருகருகே இருந்தால் மறைப்பு மிகுதியாகும்.

செவியின் இந்தக் குணத்தைப் பயன்படுத்தி, ஜெர்மனியில் கார்ல்ஹைன்ஸ் பிராண்டன்பர்க் முதலான ஆய்வாளர்கள் எம்பி3 முறையை உருவாக்கினார்கள். ஒலியை நொடியின் நூறில் இரண்டு மூன்று பங்கு நீளமுள்ள துண்டுகளாக நறுக்கி, ஒவ்வொன்றிலும் எந்தெந்த அதிர்வெண் எவ்வளவு இருக்கிறது என்று இம்முறை கணக்கிடுகிறது. செவிக்கு நன்கு புலப்படும் பகுதிகளை நகைக்கடைத் தராசில் நிறுப்பதுபோல் நுட்பமான எண்களாக எழுதுகிறது. மறைந்துபோகும் பகுதிகளை விறகுத் தராசில் நிறுப்பதுபோல் தோராயமாக்குகிறது. சிலவற்றை அடியோடு விட்டுவிடுகிறது. தோராயமாக்கும்போது எழும் பிழை ஓர் இரைச்சல்தான். அது உரத்த ஒலியின் மறைவில் ஒளிந்திருக்கும்வரை நமக்குத் தெரியாது. பிட் வீதத்தை மிகவும் குறைத்தால் மறைவிடம் போதாமல் வெளியே தலைகாட்டும்.

மிருதங்கம் ஏன் மழுங்கியது?

மிருதங்கத்தின் வலந்தலையில் உள்ள கரிய வட்டத்தால் அதன் மேற்சுரங்கள் இசைவான விகிதத்தில் அமைகின்றன என்று 1920இல் சி.வி. ராமனும் சிவகாளி குமாரும் 'நேச்சர்' இதழில் எழுதினார்கள். தம்புராவின் ரீங்காரமும் இப்படிப்பட்ட மேற்சுரங்களின் செழுமைதான். குறைந்த பிட் வீதத்தில் முதலில் பலியாவது உயர்ந்த அதிர்வெண்களே. அதனால் தம்புரா களையிழக்கிறது.

மிருதங்க அடிக்கு மற்றொரு சங்கடமும் உண்டு. அமைதிக்குப் பின் சட்டென்று ஓர் அடி விழுகிறது. இரண்டும் ஒரே துண்டில் அகப்படுகின்றன. தோராயப் பிழை அந்தத் துண்டு முழுவதும் பரவுகிறது. எனவே அடிக்கு முன்னாலேயே மெல்லிய இரைச்சல் கேட்கிறது! இதை 'முன் எதிரொலி' என்பார்கள். இதைத் தடுக்க அடி வரும் இடத்தில் துண்டுகளை இன்னும் சிறிதாக நறுக்குவதுண்டு. ஆனால் அதற்குக் கூடுதல் பிட்டுகள் வேண்டும்.

திரும்பத் திரும்பச் சுருக்கினால்?

346 என்ற எண்ணைப் பத்துகளுக்குத் திருத்தினால் 350. அதை மீண்டும் நூறுகளுக்குத் திருத்தினால் 400. நேராகத் திருத்தியிருந்தால் 300தான் வந்திருக்கும்! தோராயத்தின் மேல் தோராயம் செய்தால் பிழை இப்படித்தான் வளரும். அனுப்புகிற ஒவ்வொரு முறையும் கோப்பு மறுபடி சுருக்கப்பட்டால் இதுவே நிகழ்கிறது. 350ஐ மட்டும் பார்த்து, அது முன்பு 346ஆ, 354ஆ என்று யாரால் சொல்ல முடியும்? ஆகவே எம்பி3 கோப்பை 'வேவ்' கோப்பாக மாற்றினாலும் கோப்புதான் பருக்கும். தொலைந்த ஒலி வராது. 'ஃபிளாக்' முறை அப்படியல்ல. அது ஓர் எண்ணையும் இழக்காமல் சுருக்குகிறது. ஆனால் எம்பி3 அளவுக்குச் சிறிதாகாது.

நீங்களே சோதியுங்கள்: கைதட்டலை 'வேவ்' கோப்பாகப் பதிவு செய்து, 320, 128, 32 கிலோபிட் வீதங்களில் எம்பி3 ஆக்குங்கள். கண்ணை மூடிக்கொண்டு, நண்பரை மாற்றி மாற்றிப் போடச் சொல்லிக் கேளுங்கள். எந்த இடத்தில் வேறுபாடு தெரிகிறது என்று குறித்து வையுங்கள்.

அந்த மாணவரிடம், "முடியாது தம்பி, முதல் பதிவைத் தேடு" என்றேன். அத்தை வீட்டுப் பெட்டியில் ஒலிநாடா கிடைத்தது. ஓட்டிப் பார்த்தோம். நாடாவின் இரைச்சல் இருந்தது. ஆனால் அடிகள் கணீரென்று விழுந்தன. அதை 'ஃபிளாக்' கோப்பாக்கி இரண்டு இடங்களில் பத்திரப்படுத்தினோம். உங்கள் வீட்டிலும் ஒரு தாத்தாவின் குரலோ பாட்டியின் தாலாட்டோ இருக்கலாம். உறவினருக்கு அனுப்பச் சுருக்கிய படி போதும். மூலத்தை மட்டும் அழித்துவிடாதீர்கள்.