படுக்கையில் விழுந்தவரும் பக்கத்து வீட்டாரும்

ஒரு குடும்பத்தில் ஒருவர் நோயுற்றுப் படுத்த படுக்கையாகிவிட்டால், அவரைப் பேணுவது யார் கடமை? நம்மில் பலர் இக்கேள்விக்கு யோசியாமலே விடை சொல்லிவிடுவோம். பெற்ற பிள்ளைகள் கடமை, கட்டிய மனைவியின் கடமை, உடன்பிறந்தார் கடமை என்போம். விடை தவறன்று. ஆனால் அது பாதி விடைதான். மற்றப் பாதி சமுதாயத்தைச் சேர்ந்தது. அது எப்படி என்று விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஊரை விட்டு நெடுந்தொலைவு வந்து படிக்கும் நமக்கு இது வெறும் ஏட்டுக் கேள்வியன்று. நம் சங்கத்துத் தோழர்கள் சிலருடைய வீடுகளில் பாட்டியோ தந்தையோ நோயுற்றிருக்கலாம். இங்கிருந்தபடி நாம் நலம் விசாரிக்கிறோம்; முடிந்தால் பணமும் அனுப்புகிறோம். ஆனால் நள்ளிரவில் எழுந்து நோயாளியைப் புரட்டிப் படுக்கவைப்பவர் அம்மாவோ அக்காவோ அண்ணியோதான். அவர்களுக்குச் சம்பளமுமில்லை, விடுமுறையுமில்லை.

பணிவிடை என்பதை நாம் பாசத்தின் வேலையாக மட்டுமே எண்ணிப் பழகிவிட்டோம். உண்மையில் அது அறிவும் பயிற்சியும் வேண்டும் வேலை. ஓர் எடுத்துக்காட்டுப் பார்ப்போம். பக்கவாதம் கண்ட ஒருவர் அசையாமல் ஒரே நிலையில் படுத்திருக்கிறார். உடலின் எடை முழுவதும் இடுப்பெலும்பின் மேலும் குதிகாலின் மேலும் அழுத்துகிறது. அவ்விடத்து மயிரிழை போன்ற இரத்தக் குழாய்கள் நசுங்குகின்றன. இரத்தம் செல்லாததால் தசை பட்டினி கிடந்து அழுகிப்போகிறது. இதுவே படுக்கைப் புண். ஏறத்தாழ இரண்டு மணிக்கு ஒருமுறை நோயாளியைப் புரட்டிவிட்டுத் தோலை ஈரமின்றி வைத்திருந்தால் பெரும்பாலும் இதைத் தடுத்துவிடலாம். இரண்டு மணிக்கு ஒருமுறை என்றால் ஒரு நாளில் பன்னிரண்டு முறை. அதைத் தனியொரு பெண் எத்தனை மாதம் செய்ய முடியும்? அன்பு எவ்வளவு இருந்தாலும் முதுகெலும்புக்கு ஓர் எல்லை உண்டல்லவா?

உடல் உழைப்போடு பணத் துன்பமும் சேர்கிறது. சம்பாதித்தவர் படுத்துவிட்டால் ஒரு வருமானம் போகிறது. அவரைப் பார்த்துக்கொள்ள மற்றொருவர் கூலி வேலையை விட்டால் இரண்டாவது வருமானமும் போகிறது. மருந்துக்கும் வண்டிக்கும் கடன் வாங்குகிறார்கள். பிறகு பிள்ளையின் படிப்பு நிற்கிறது. நோய் ஒருவருக்குத்தான், முடங்குவதோ ஒரு குடும்பம். ஆண்டுக்கணக்கில் முன்னேறிய குடும்பம் ஆறே மாதத்தில் பழைய வறுமைக்குத் திரும்புவதும் உண்டு.

சட்டம் இதற்கு என்ன சொல்கிறது? நம் அரசியலமைப்பின் 41-ஆம் பிரிவு, முதுமை, நோய், உடற்குறை ஆகிய நிலைகளில் மக்களுக்குப் பொது உதவி கிடைக்க அரசு தன் ஆற்றலுக்கேற்ப வகை செய்யவேண்டும் என்கிறது. ஆனால் இது நெறிகாட்டும் பிரிவுதான். நீதிமன்றத்தில் வழக்காடிப் பெறும் உரிமையன்று. 2007-இல் பெற்றோர் பராமரிப்புச் சட்டம் வந்தது. பிள்ளைகள் கைவிட்டால் பெற்றோர் தீர்ப்பாயத்தில் முறையிட்டுப் பராமரிப்புத் தொகை பெறலாம். நல்ல சட்டம்தான். ஆனால் பிள்ளைக்கே வழியில்லாதபோது தீர்ப்பாயம் யாரிடமிருந்து வாங்கித் தரும்? வறிய முதியோருக்கான உதவித் தொகையில் 60 முதல் 79 வயது வரையிலானோர்க்கு மத்திய அரசின் பங்கு மாதம் 200 ரூபாய். 2007-இல் இருந்த இத்தொகை 2024-இலும் உயரவில்லை. மாநிலங்கள் தம் பங்கைச் சேர்ப்பதால்தான் அது ஓரளவேனும் பயன்படுகிறது.

பணத்தால் மட்டும் தீராத துன்பம் ஒன்று உண்டு. அது வலி. முற்றிய புற்றுநோயின் வலி தலைவலி, காய்ச்சலைப் போன்றதன்று. அதை அடக்க வல்ல மருந்து மார்ஃபின். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் செர்ட்யூர்னர் என்ற ஜெர்மானிய மருந்தாளர் இதை அபினியிலிருந்து பிரித்தெடுத்தார். தண்டுவடத்திலும் மூளையிலும் உள்ள சில ஏற்பிகளில் இது சென்று பொருந்திக்கொள்கிறது. வலிச் செய்தி மேலே செல்வது மட்டுப்படுகிறது. உலக சுகாதார நிறுவனம் 1986-இல் வெளியிட்ட முறைப்படி, சாதாரண மருந்தில் தொடங்கி, வலியின் அளவுக்கேற்பப் படிப்படியாக ஏறி, மார்ஃபினை வாய்வழியாகவே குறித்த நேரத்தில் கொடுக்கலாம். பயிற்சி பெற்ற மருத்துவர் அளவறிந்து கொடுத்தால், போதைக்கு அடிமையாகிவிடுவாரோ என்ற அச்சம் பெரும்பாலும் வேண்டியதில்லை.

இங்கே ஒரு வேடிக்கையைக் காணுங்கள். அரசின் உரிமம் பெற்று அபினி விளைவிக்கும் உலக நாடுகள் மிகச் சில. அவற்றுள் நம் நாடும் ஒன்று. மத்தியப் பிரதேசம், இராஜஸ்தான், உத்தரப் பிரதேசம் ஆகிய மாநிலங்களில் கசகசாச் செடி பயிராகிறது. காசீப்பூரிலும் நீமச்சிலும் அரசின் அபினித் தொழிற்சாலைகள் இருக்கின்றன. ஆயினும் நம் நாட்டு நோயாளிக்கு மார்ஃபின் கிட்டவில்லை! 1985-இல் போதைப் பொருள் தடுப்புச் சட்டம் வந்தது. ஒரு மருத்துவமனை சிறிதளவு மார்ஃபின் வைத்துக்கொள்ளவும் பல அலுவலகங்களில் பல உரிமங்கள் பெறவேண்டியிருந்தது. ஒன்று கைக்கு வருவதற்குள் மற்றொன்று காலாவதியாகிவிடும். தண்டனைகளோ கடுமையானவை. மருத்துவமனைகள் அஞ்சி விலகின. இவ்வளவு பெரிய நாட்டில் மருத்துவத்துக்கான மார்ஃபின் பயன்பாடு 1997-இல் 18 கிலோ அளவுக்குச் சுருங்கிற்று. கள்ளக் கடத்தலைத் தடுக்க எழுப்பிய வேலி நோயாளியின் வாய்க்கும் வேலியாயிற்று. இச்சட்டம் 2014-இல்தான் திருத்தப்பட்டது. ஒரே அதிகாரியிடம் ஒரே அனுமதி பெற்றால் போதும் என்றாயிற்று. அதற்காகப் பல ஆண்டுகள் வாதாடியவர்கள் மருத்துவர்களும் தன்னார்வத் தொண்டர்களும்.

வலி உடலில் மட்டும் இருப்பதில்லை. இதை எடுத்துரைத்தவர் இங்கிலாந்தின் சிசிலி சாண்டர்ஸ் அம்மையார். செவிலியாகவும், பின்பு மருத்துவமனைச் சமூகப் பணியாளராகவும், பின்பு மருத்துவராகவும் பணியாற்றியவர். 1967-இல் லண்டனில் நோய் முற்றியோருக்கென ஒரு மருத்துவ இல்லம் நிறுவினார். உடல் வலி, மனத் துயர், குடும்பக் கவலை, வாழ்வின் பொருள் பற்றிய கலக்கம் ஆகிய நான்கும் சேர்ந்ததே முழு வலி என்றார். கடன்காரன் வாசலில் நிற்கும்போது எந்த மாத்திரையும் முழு உறக்கம் தராது என்பது நமக்கும் விளங்கக்கூடியதே.

இக்கருத்தை நம் மண்ணுக்கேற்ப வளர்த்தவர்கள் கேரளத்தார். 1993-இல் கோழிக்கோடு மருத்துவக் கல்லூரியில் மயக்கவியல் மருத்துவர் எம். ஆர். இராஜகோபாலும் மருத்துவர் சுரேஷ்குமாரும் மற்றும் சிலரும் சேர்ந்து வலி தணிப்புச் சங்கம் ஒன்றைத் தொடங்கினார்கள். விரைவிலேயே ஓர் உண்மை புலப்பட்டது. மிகுந்த துன்பத்தில் இருப்பவரால் மருத்துவமனைக்கு வரவே முடிவதில்லை! எனவே மருத்துவம் வீடு தேடிப் போகவேண்டும். அத்தனை வீட்டுக்கும் செல்ல மருத்துவர் ஏது? ஆகவே அக்கம்பக்கத்தாரையே பயிற்றினார்கள்.

2000-ஐ ஒட்டிய ஆண்டுகளில் மலப்புரம் மாவட்டத்தில் இது பேரியக்கமாயிற்று. வாரத்தில் இரண்டு மணி நேரம் ஒதுக்கக் கூடியவர் எவரும் தொண்டராகலாம். 16 மணி நேரம் பாடம். அதன்பின் செவிலியரோடு சென்று நேரில் பயிற்சி. ஆசிரியர், கடைக்காரர், இல்லத்தரசி, கூலித் தொழிலாளி, மாணவர் எனப் பலரும் சேர்ந்தார்கள். செவிலியர் புண்ணுக்குக் கட்டுப் போடுவார். தொண்டர்கள் நோயாளியோடு பேசியிருப்பார்கள். வீட்டில் அரிசி இருக்கிறதா, பிள்ளை பள்ளிக்குப் போகிறதா என்றும் பார்ப்பார்கள். இல்லையென்றால் ஊரில் திரட்டி உதவுவார்கள். செலவின் பெரும்பகுதி சிறு சிறு நன்கொடைகளாக ஊராரிடமிருந்தே வந்தது. 2008-இல் கேரள அரசு இதற்கெனத் தனிக் கொள்கையை அறிவித்தது. இந்தியாவில் அவ்வாறு செய்த முதல் மாநிலம் அதுவே. அதன் பின் வீட்டுப் பராமரிப்பு ஊராட்சிகளின் பொறுப்புகளில் ஒன்றாயிற்று. தமிழ்நாட்டிலும் 2021-இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீட்டிலேயே ஆதரவுச் சிகிச்சை தருவதும் இடம்பெற்றது.

இதில் நாம் கவனிக்கவேண்டியது பொறுப்பு பங்கிடப்பட்ட முறை. பாசத்தைக் குடும்பம் தந்தது. நேரத்தை அண்டை அயலார் தந்தார்கள். திறமையைச் செவிலியரும் மருத்துவரும் தந்தார்கள். சட்டம், மருந்து, சம்பளம் ஆகியவற்றை அரசு தரவேண்டியிருந்தது. இவற்றுள் ஒன்று மற்றொன்றுக்கு ஈடாகாது. தொண்டர்கள் இருக்கிறார்கள் என்று அரசு கையை விரிப்பதும் தவறு. அரசு இருக்கிறது என்று ஊர் கதவைச் சாத்துவதும் தவறு.

"அயலார் வந்து பார்ப்பது குடும்பத்துக்கு இழுக்கல்லவா?" என்று சிலர் கேட்பர். கூட்டுக் குடும்பக் காலத்தில் ஒரு வீட்டில் நாலைந்து பெண்கள் இருந்தார்கள். சுமையை மாற்றி மாற்றிச் சுமந்தார்கள். இன்று வீடு சிறுத்துவிட்டது. நம்மைப் போன்றோர் வெளியூர் வந்துவிட்டோம். சுமை குறையவில்லை, சுமப்பவர் எண்ணிக்கைதான் குறைந்தது. வாரத்தில் ஒரு பிற்பகல் தொண்டர் ஒருவர் வந்து அமர்ந்தால், அண்ணி இரண்டு மணி நேரம் தூங்குவார். இதில் இழுக்கு என்ன இருக்கிறது?

கேரளத்தில் நடந்ததை அப்படியே எங்கும் பெயர்த்து நட்டுவிட முடியாதென்பதும் உண்மையே. அங்கே எழுத்தறிவு மிகுதி. ஊராட்சிகளுக்கு 1996 முதல் திட்டப் பணமும் அதிகாரமும் கிடைத்தன. வெளிநாட்டில் உழைப்போர் அனுப்பும் பொருளும் உண்டு. ஆனால் வாரத்துக்கு இரண்டு மணி நேரம் என்பது எந்த ஊர் மனிதனிடமும் இருப்பதுதானே!

நம் சங்கம் என்ன செய்யலாம்? பொங்கல் விழாவும் பட்டிமன்றமும் நடத்துகிறோம், நடத்தவேண்டும். அவற்றோடு, இந்நகரின் அரசு மருத்துவமனைக்குச் சிகிச்சைக்கு வந்து, இந்தி தெரியாமல் வரிசையில் தவிக்கும் தமிழ்க் குடும்பங்களுக்கு மொழி பெயர்த்து உதவலாம். முறை வைத்துக்கொண்டால் ஒருவருக்கு வாரம் ஒரு பிற்பகல் போதும். இங்கே வலி தணிப்புப் பிரிவு எங்கே இருக்கிறது, மார்ஃபின் கிடைக்கிறதா என்று விசாரித்து அறிவிப்புப் பலகையில் எழுதலாம். விடுமுறையில் ஊருக்குப் போகிறவர் முதல் வாரம் இரவுப் பணிவிடையைத் தாம் ஏற்று, அதுவரை ஏற்றிருந்தவரை உறங்கச் சொல்லலாம். இவற்றுக்குப் பெருந்தொகை வேண்டியதில்லை. அடுத்த கூட்டத்தில் ஒருவர் பெயர் கொடுத்தால் தொடங்கிவிடலாம்.