பற்று, வரவு, இருப்பு: மினிமலிசம் குறித்துச் சில குறிப்புகள்

மினிமலிசம் என்ற சொல் எனக்கு முதலில் அறிமுகமானது ரேமண்ட் கார்வரின் கதைகளைப் பற்றிய ஒரு பேச்சில். சொல்லாமல் விடுவதன் வழியாகச் சொல்வது என்று அன்று விளங்கிக்கொண்டேன். இப்போது அந்தச் சொல் கதையை விட்டுக் குடித்தனத்துக்கு வந்துவிட்டது. குறைந்த பொருள்களோடு வாழுங்கள், வீட்டில் பணம் மிஞ்சும் என்கிறார்கள். இதை நுகர்வுப் பண்பாட்டின் இன்னொரு வேஷம் என்று ஒரே வரியில் தள்ளிவிடும் நண்பர்கள் எனக்கு உண்டு. சுலபமான வேலை அது. என்னால் அப்படிச் செய்ய முடியவில்லை. ஏனென்றால் எங்கள் வீட்டில் உண்மையிலேயே பணம் மிஞ்சியது. எதனால் மிஞ்சியது என்பதில்தான் எனக்கும் அந்தச் சொல்லாடலுக்கும் தகராறு.

விஷயம் இதுதான். நான் வேலைபார்த்த சுயநிதிக் கல்லூரியில் 2023ல் நான்கு மாதம் சம்பளம் வரவில்லை. மதுரையில் நாங்கள் இருந்த இரண்டு படுக்கையறை வீட்டுக்கு வாடகை 9,500 ரூபாய். மனைவியின் பள்ளிக்கூடச் சம்பளத்தில் வாடகையும் தவணையும் போக அரிசி, பருப்புக்குத்தான் காணும். ஒற்றைப் படுக்கையறை வீடு ஒன்று 6,500க்குக் கிடைத்தது. நாங்கள் இருவர், மகள், எங்க அம்மா என நாலு பேர் அதற்குள் போக வேண்டும். சாமான்களையெல்லாம் கூடத்தில் இறக்கிப் பார்த்தபோது ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்துவிட்டோம். கல்யாண வீடுகளில் கொடுத்த பைகள் மட்டும் ஒரு மூட்டை. மூடி தொலைந்த டப்பாக்கள், ஓடாத மிக்சி இரண்டு, துணி காயப்போடுவதற்கென்றே ஆகிப்போன உடற்பயிற்சி சைக்கிள். என் பங்குக்குச் சிற்றிதழ்க் கட்டுகள்.

கழித்தவற்றைப் பழைய இரும்பு, பேப்பர் எடுக்கிறவரிடம் போட்டோம். 1,140 ரூபாய் கொடுத்தார். வாங்கும்போது அவற்றுக்கு நாங்கள் கொடுத்தது எப்படியும் நாற்பதாயிரம் இருக்கும். கழிப்பதால் கைக்கு வரும் பணம் இவ்வளவுதான். மாரி கோண்டோவின் நூல் 2011ல் ஜப்பானில் வெளிவந்து, பிறகு பல மொழிகளுக்குப் போய், 2019ல் நெட்ஃபிளிக்ஸ் தொடராகவும் ஆயிற்று. இந்த வகைப் பிரதிகள் எல்லாவற்றிலும் மையக் காட்சி ஒன்றே: பொருளை வெளியேற்றுவது. குவியல், பைகள், கடைசியில் ஒளி விழும் காலி அறை. பார்க்கிறவர் மனசு லேசாகிறது, நான் மறுக்கவில்லை. ஆனால் கணக்கு என்று பார்த்தால், எப்போதோ செத்துப்போன பணத்துக்குச் செய்கிற காரியம்தான் அது.

எங்களுக்கு மிச்சம் வந்தது வேறு வழியாக. முதலில் வாடகை. பொருள் இடம் கேட்கிறது, இடம் வாடகை கேட்கிறது. அந்த இரண்டாவது அறையில் குடியிருந்தது நாங்கள் அல்ல, சைக்கிளும் டப்பாக்களும்தான். அவற்றுக்காக மாதம் 3,000, வருஷத்துக்கு 36,000 ரூபாய் கட்டிக்கொண்டிருந்தோம். இது யாருக்கும் புரிகிற கணக்கு. இதைவிடப் பெரிய கணக்கு ஒன்று இருக்கிறது, அதற்குக் கொஞ்சம் சுற்றிப் போக வேண்டும்.

பிரெஞ்சுச் சிந்தனையாளர் தெனி திதரோ 1769ல் தன் பழைய வீட்டங்கிக்காக வருத்தப்பட்டு ஒரு சிறு கட்டுரை எழுதினார். புதிதாகக் கருஞ்சிவப்பு அங்கி ஒன்று வருகிறது. அழகாக இருக்கிறது. அதன் பக்கத்தில் பழைய நாற்காலியும் மேசையும் படங்களும் திடீரென்று அசிங்கமாகத் தெரிகின்றன. ஒவ்வொன்றாக மாற்றுகிறார். கடைசியில் பழைய அங்கிக்கு எஜமானனாக இருந்த மனிதர் புதியதற்கு அடிமையாகிவிட்டதாகப் புலம்புகிறார். மானிடவியலாளர் கிராண்ட் மக்கிராக்கன் 1988ல் இதற்குத் 'திதரோ விளைவு' என்று பெயரிட்டார். பொருள்கள் ஒற்றை ஒற்றையாக வருவதில்லை, வாக்கியமாக வருகின்றன. ஒரு சொல்லை மாற்றினால் மற்றவை பிழையாகத் தெரிய ஆரம்பிக்கின்றன. பொருள்களைக் குறிகளின் அமைப்பாகப் பார்க்கும் நூலைப் போத்ரியார் 1968லேயே எழுதிவிட்டார். எம்.ஏ. முடித்த கையோடு அவரைப் பற்றி நானும் ஒரு கட்டுரை படித்தேன். படித்துவிட்டு வந்து டிவி வாங்கினேன், அது வேறு விஷயம்.

எங்கள் வீட்டுக் கருஞ்சிவப்பு அங்கி அந்த டிவிதான். 2019 தீபாவளிக்கு வந்த 43 அங்குலம். பழைய அலமாரியில் அடங்கவில்லை, சுவரில் மாட்டினோம். சுவரில் உயரமாக மாட்டியதால் பாயில் உட்கார்ந்து பார்த்தால் கழுத்து வலிக்கிறது என்று சோபா வந்தது. சோபா வந்ததும் முன்னால் டீப்பாய் இல்லாதது குறையாகப் பட்டது. பிறகு இணைய இணைப்பு, மாதச் சந்தாக்கள். டிவியின் விலை 28,000. அது கூட்டிவந்த உறவுக்காரர்களுக்கு ஆன செலவு அதைவிட அதிகம்.

அத்தனையும் 'வட்டியில்லாத் தவணை'. ரிசர்வ் வங்கி 2013 செப்டம்பரில் வங்கிகளுக்கு அனுப்பிய சுற்றறிக்கை ஒன்று உண்டு. சுழிய வட்டி என்ற ஒன்றே கிடையாது, வட்டிதான் வேறு கட்டணமாக உருமாறி வசூலாகிறது என்று அதில் சொல்லப்பட்டிருக்கிறது. விமர்சகன் செய்ய வேண்டிய கட்டுடைப்பை வங்கிகளின் வங்கி செய்திருக்கிறது! நான் அதைப் படித்தது தவணை பாதி கட்டின பிறகு. தவணைகள் முடிந்து, புதிது எதுவும் வைத்துக்கொள்வதில்லை என்று முடிவெடுத்த மாதத்திலிருந்துதான் எங்கள் கையில் காசு நிற்கத் தொடங்கியது. வெளியே போனதால் அல்ல, உள்ளே வராததால். (மின்கட்டண அட்டவணையும் ஒரு பிரதிதானே என்று அந்த நாள்களில் அதையும் வாசித்தேன். 2022ல் திருத்திய அட்டவணைப்படி இரண்டு மாதத்தில் 500 யூனிட்டைத் தாண்டினால், தாண்டியதற்கு மட்டுமல்ல, 101லிருந்து 200 வரை ஏற்கெனவே ஓடிய யூனிட்டுகளுக்கான சலுகையும் போய்விடும். கோடையில் தாண்டிக்கொண்டிருந்த அந்தக் கோட்டை ஓர் அறை குறைந்த பிறகு தாண்டவில்லை.)

இனிக் குறளுக்குப் போக வேண்டியிருக்கிறது, தமிழ் எம்.ஏ. படித்தவனுக்கு இது ஒரு வியாதி. மினிமலிசம் பேசும் தமிழர்கள் உடனே துறவு அதிகாரத்தைத் துணைக்கு அழைக்கிறார்கள். அது 35ஆவது அதிகாரம். அறத்துப்பாலில், துறவறவியலில் இருக்கிறது. பிள்ளைக்கு ஃபீஸ் கட்டுகிறவனுக்குச் சொன்னதல்ல. வருகிற வழி சிறியதானாலும் போகிற வழி அகன்றுவிடாமல் பார்த்துக்கொள் என்ற பேச்சு வேறோர் இடத்தில் வருகிறது. பொருட்பாலில், 48ஆவது அதிகாரமான வலியறிதலில். தன் பலம், எதிரியின் பலம் எல்லாம் எடைபோட்ட பிறகு வினையில் இறங்கு என்று அரசனுக்குச் சொல்கிற இடம் அது. மயிலிறகே ஆனாலும் அளவு மீறி ஏற்றினால் வண்டியின் அச்சு முறியும் என்பதும் அதே அதிகாரத்தில்தான். மாதம் 799, மாதம் 1,250 என்று வரும் தவணைகள் ஒவ்வொன்றும் மயிலிறகுதான்.

செலவைப் பற்றிய இந்தப் பேச்சு அறத்துப்பாலில் இல்லாமல் பொருட்பாலில் இருப்பது எனக்கு முக்கியமாகப் படுகிறது. குறைவாக வைத்திருப்பவன் நல்லவன் என்று அது சொல்லவில்லை, தோற்காமல் இருப்பான் என்கிறது. 'பற்று' என்ற சொல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். துறவிக்கு அது விட வேண்டியது. பேரேட்டில் அது வரவுக்கு எதிர்ப்பக்கம் எழுதுவது. மனசின் பற்றைப் பற்றி மணிக்கணக்கில் பேசுகிறவர்கள் பேரேட்டுப் பற்றைத் திறந்து பார்ப்பதில்லை. பெரியாரின் சிக்கனத்தை நினைத்துக்கொள்கிறேன். கையெழுத்துக்கும் புகைப்படத்துக்கும் காசு வாங்கி இயக்கத்துக்குச் சேர்த்தவர். அவரை யாரும் துறவி என்று சொன்னதில்லை. ஈரோட்டு வியாபாரியின் சிக்கனம் அது, பொருட்பாலைச் சேர்ந்தது.

இந்த இடத்தில் எனக்கு வீட்டிலேயே அடி விழுந்தது. ஒரு வேகத்தில் நான் கிரைண்டரையும் கழிக்கலாம் என்றேன். 2011ல் அரசு விலையில்லாமல் கொடுக்கத் தொடங்கியபோது அம்மாவுக்கு வந்த கிரைண்டர் அது. "மாவு நீங்க ஆட்டித் தர்றீங்களா?" என்று கேட்டாள் மனைவி. பதில் இல்லை. கடையில் மாவு வாங்கலாம் என்று இழுத்தேன். வாரத்துக்கு மூன்று பாக்கெட், பாக்கெட் 50 ரூபாய் என்று அவளே கணக்குப் போட்டுக் காட்டினாள். பொருள் குறைந்தால் வேலை குறையாது. அது யாருடைய கைக்கோ இடம் மாறும், அல்லது யாருக்கோ காசாகப் போகும். மினிமலிசப் படங்களில் வரும் அந்தக் காலி அடுக்களையில் யார் சமைக்கிறார் என்று காட்டமாட்டார்கள். அம்மிக்குத் திரும்பலாம் என்று எழுதுகிற ஆண்கள் (என்னையும் சேர்த்து) அம்மி அரைத்தவர்கள் இல்லை.

ஜாடிகளும் அப்படித்தான். மாசி, பங்குனியில் புளி வரத்து அதிகம், விலை இறங்கும். வருஷத்துக்கான புளியை அப்போது வாங்கி உப்புப் போட்டு ஜாடியில் அடைப்பது அம்மாவின் வழக்கம். மிளகாயும் பருப்பும் அப்படியே. ஜாடி இல்லாத அழகான அடுக்களை, கால் கிலோ கால் கிலோவாக வருஷம் முழுக்கக் கூடுதல் விலைக்கு வாங்கும். ஆக, எத்தனை பொருள் என்று எண்ணுவதில் பிரயோஜனமில்லை. காசை இழுக்கிற பொருளா, காசைப் பிடித்துவைக்கிற பொருளா என்று பார்க்க வேண்டியிருக்கிறது. சோபா முதல் வகை. ஜாடி இரண்டாவது.

பித்தளை அண்டா எந்த வகை? பெரியது, இரண்டு ஆள் தூக்க வேண்டும், வருஷத்துக்கு ஒருநாள்கூட எடுப்பதில்லை. எடைக்குப் போட்டால் நல்ல விலை வரும் என்று நானும் மனைவியும் பேசிவைத்திருந்தோம். அம்மாவிடம் மெதுவாகச் சொன்னேன்.

"அது அடகுக்கடைக்கு ரெண்டு தடவ போய்ட்டு வந்துருக்குடா. ஒருதடவ உங்கப்பா ஆஸ்பத்திரில கெடந்தப்ப. இன்னொரு தடவ நீ ஹாஸ்டல் சேரும்போது. அது சாமான் இல்ல, இருப்பு."

'இருப்பு' என்ற சொல்லை வைத்துக்கொண்டு நான் எத்தனையோ பக்கம் எழுதியிருக்கிறேன். இருத்தலியம், சார்த்ர், அபத்தம் என்று. வரவில் பற்றுப் போக மிஞ்சுவதுதான் இருப்பு என்பது எந்தக் கட்டுரையிலும் எனக்குத் தோன்றவில்லை.

புது வீட்டில் பரண் சின்னது. அண்டாவைக் குப்புறக் கவிழ்த்து வைத்து, அதன்மேல் சிற்றிதழ்க் கட்டுகளை ஏற்றியிருக்கிறோம். கட்டுகளில் பாதியை ஒரு நூலகத்துக்குக் கொடுக்கலாம் என்று மனைவி சொல்லிக்கொண்டிருக்கிறாள், நான் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை. வாடகையில் மிஞ்சிய பணம் முதல் வருஷம் பழைய கடனுக்கே போயிற்று. இரண்டாம் வருஷம் மகளின் பெயரில் அஞ்சலகத்தில் போடத் தொடங்கினோம். பங்குனியில் பத்துக் கிலோ புளி வாங்கினோம். கொட்டை எடுக்கிற வேலை இந்தமுறை என் தலையில்.