குதிரை வயிற்றில் 'ஆபரேஷன்': கத்தி வைப்பதைவிட மயக்கம் தெளிந்து எழுவதுதான் பெரிய கண்டம்

சென்னை,

மெரினா மணலில் குழந்தைகளை ஏற்றிக்கொண்டு ஓடுகிற குதிரை ஒரு நாள் காலையில் தீனியைத் தொடாமல் நிற்கும். முன்னங்காலால் தரையைப் பறிக்கும். கழுத்தைத் திருப்பித் தன் விலாவையே பார்க்கும். படுக்கும், எழுந்திருக்கும், மறுபடியும் படுத்துப் புரளும். உடம்பெல்லாம் வேர்த்து ஊற்றும். "நேத்து தின்னது ஒத்துக்கலை, சாயந்திரம் சரியாயிடும்" என்று விட்டுவிட்டால், சில சமயம் சாயந்திரத்துக்குக் குதிரையே இருக்காது.

கால்நடை டாக்டர்கள் இதை 'கோலிக்' என்கிறார்கள். வயிற்று வலிதான். ஆனால் மனுஷன் சோடா குடித்து ஏப்பம் விட்டுத் தப்பிக்கிற வயிற்று வலி அல்ல. உலகம் முழுக்கக் குதிரைகள் சாவதற்கான முக்கியக் காரணங்களில் இது ஒன்று.

பயப்படவும் வேண்டாம். கோலிக் வந்த குதிரைகள் பத்தில் சுமார் ஒன்பது ஊசி, மருந்து, மூக்கு வழியாக விடுகிற குழாய் ஆகியவற்றிலேயே பிழைத்துவிடும். மீதி உள்ளதுக்குத்தான் வயிற்றைத் திறந்தாக வேண்டும். அது எது என்று கண்டுபிடிப்பதில்தான் உயிர் இருக்கிறது.

வாந்தி வராத பிராணி

குதிரைக்கு வாந்தி எடுக்க வராது. இரைப்பையின் வாசலில் இருக்கிற தசை அவ்வளவு இறுக்கமானது. உள்ளே போனது திரும்பி வராது. 500 கிலோ எடையுள்ள குதிரைக்கு இரைப்பை வெறும் 8 முதல் 15 லிட்டர்தான் பிடிக்கும். கீழே அடைப்பு ஏற்பட்டு நீர் திரும்பி ஏறினால் இரைப்பை வீங்கிக்கொண்டே போய்க் கடைசியில் வெடித்துவிடும். வெடித்த குதிரையை யாராலும் காப்பாற்ற முடியாது.

இரைப்பைக்குக் கீழே சுமார் 70 அடி நீளத்துக்குச் சிறுகுடல். அதற்கப்புறம் பெருங்குடல். தண்ணீர் டிரம் மாதிரி 70, 80 லிட்டர் பிடிக்கிற இந்தப் பெருங்குடல் இரண்டாக மடங்கி, வயிற்றுக்குள் பெரும்பாலும் எதிலும் கட்டாமல் கிடக்கிறது. வாயு நிறைந்தால் பலூன் மாதிரி மிதக்கும். மிதக்கிற குடல் சில நேரம் முறுக்கிக்கொள்ளும். ஈரத்துணியைப் பிழிகிற மாதிரி முறுக்கினால் ரத்த ஓட்டம் நின்றுவிடும். ரத்தம் போகாத குடல் சில மணி நேரத்திலேயே கறுத்துச் செத்துவிடும். அழுகிய குடலில் இருந்து விஷம் ரத்தத்தில் கலக்கும்.

முறுக்கு மட்டுமல்ல. பெருங்குடல் திரும்புகிற ஓரிடத்தில் வழி திடீரென்று குறுகும். காய்ந்த தீனியும் மணலும் அங்கே வந்து அடைத்துக்கொள்ளும். வயசான குதிரைகளுக்கு வயிற்றுக்குள் கொழுப்புக் கட்டி வளர்ந்து, அதன் காம்பு கயிறு மாதிரி சிறுகுடலைச் சுற்றி இறுக்கிவிடுவதும் உண்டு. விழுங்கிய ஆணியையோ கூழாங்கல்லையோ சுற்றி வருஷக்கணக்கில் கல் வளர்ந்து வழியை மூடுவதும் உண்டு.

வலி நின்றால் சந்தோஷம் வேண்டாம்

பல குதிரைக்காரர்கள் ஏமாறுகிற இடம் இதுதான். காலையில் இருந்து புரண்டு துடித்த குதிரை மத்தியானம் திடீரென்று அடங்கி, தலையைத் தொங்கப்போட்டு நிற்கும். "அப்பாடா, வலி நின்னுடுச்சு" என்று நினைப்பார்கள். குடல் செத்துப்போனாலும் வலி நிற்கும். இரைப்பை வெடித்தாலும் வலி நிற்கும். அடங்கிய குதிரையின் ஈறு கருஞ்சிவப்பாகவோ ஊதாவாகவோ இருந்து, உடம்பு சில்லிட்டு, நெஞ்சு படபடவென்று அடித்தால் அது குணமாவதன் அறிகுறி இல்லை.

இன்னொரு தப்பு, வலி ஊசியை வாங்கி இவர்களே போட்டுப் போட்டு நாளைத் தள்ளுவது. ஊசி வலியை மறைக்கும், முறுக்கை அவிழ்க்காது. எண்ணெய், கஷாயம், சோடா என்று பாட்டிலில் ஊற்றி வாயைத் தூக்கிப் புகட்டுவது அதைவிட மோசம். துடிக்கிற குதிரைக்கு அது நுரையீரலுக்குள் இறங்கிவிட்டால் வயிற்று நோயோடு நிமோனியாவும் சேர்ந்துகொள்ளும். டாக்டர் எண்ணெய் கொடுத்தாலும் மூக்கு வழியாகக் குழாய் விட்டு, இரைப்பைக்குள் போயிருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் ஊற்றுவார்.

டாக்டர் முதலில் பார்ப்பது இதயத் துடிப்பு. சும்மா நிற்கிற குதிரைக்கு நிமிஷத்துக்கு 28 முதல் 44 வரை இருக்கும். 60-ஐத் தாண்டினால் கவலை. 80-ஐத் தாண்டினால் நிலைமை முற்றிவிட்டது என்று அர்த்தம். அடுத்து மூக்குக் குழாய். தேங்கிய நீர் குழாய் வழியாகக் கொட்டினால் சிறுகுடலில் அடைப்பு இருக்கலாம். பிறகு நீளமான கையுறை மாட்டி, ஆசனவாய் வழியாகத் தோள் வரை கையை விட்டுக் குடலைத் தடவிப் பார்ப்பார். வயிற்றில் ஊசி குத்தி நீர் எடுப்பார். அது தெளிவான மஞ்சளாக இருந்தால் நல்லது. ரத்தம் கலந்து சிவந்திருந்தால் குடல் சாகத் தொடங்கியிருக்கலாம்.

இதற்குப் பிறகு குதிரைக்காரர் ஒரு முடிவு சொல்ல வேண்டும். ஆபரேஷனா, இல்லையா? யோசிக்க ரொம்ப நேரம் கிடையாது. ஒரே குதிரையை வைத்துப் பிழைக்கிறவருக்கு இது லேசான கேள்வி அல்ல. செலவு ஒரு பக்கம். அதற்கப்புறம் மாதக்கணக்கில் குதிரை சம்பாதிக்காமல் நின்று தின்னும் என்பது இன்னொரு பக்கம். ஊட்டி, கொடைக்கானல் குதிரை என்றால் மலை இறங்கி, வசதியுள்ள ஆஸ்பத்திரிக்கு வண்டியில் ஏற்றிப் போகிற நேரத்திலேயே குடல் கெட்டுவிடும். அப்படிக் கொண்டுபோகும்போது மூக்குக் குழாயைக் கழற்றாமல் அப்படியே விட்டுத்தான் அனுப்புவார்கள், வழியில் இரைப்பை வெடிக்காமல் இருக்க. சென்னையில் இருக்கிற குதிரைக்கு 1903-ல் தொடங்கிய வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி பக்கத்திலேயே இருப்பது ஒரு கொடுப்பினை.

மல்லாக்கப் படுக்க வைத்து...

ஆபரேஷனுக்கு முன் குதிரையை மெத்தை ஒட்டிய சுவர்கள் கொண்ட அறைக்குள் நிறுத்துவார்கள். முதலில் தலை தொங்குகிற அளவுக்கு அமைதிப்படுத்துகிற ஊசி. அடுத்த ஊசியில் குதிரை மடங்கி விழும். தொண்டைக்குள் தடித்த குழாய் விட்டு மயக்க வாயு கொடுப்பார்கள். பிறகு நாலு காலிலும் பட்டை கட்டி, இரும்புச் சரக்கு தூக்குகிற மாதிரி செயின் போட்டுத் தூக்கி மேஜையில் மல்லாக்கப் படுக்க வைப்பார்கள்.

தொப்புளில் இருந்து நெஞ்சை நோக்கி, வயிற்றின் நடுக்கோட்டில் சுமார் ஒரு அடி நீளத்துக்கு, சில நேரம் அதற்கு மேலும் கீறுவார்கள். அந்த நடுக்கோட்டில் தசை கிடையாது. இரண்டு பக்கத் தசைகளும் வந்து சேருகிற உறுதியான நார்ப்பட்டைதான் இருக்கிறது. அதனால் ரத்தம் அதிகம் போகாது.

குடலில் வாயு இருந்தால் ஊசி குத்தி உறிஞ்சுவார்கள். முறுக்கு இருந்தால் கையாலேயே திருப்பி அவிழ்ப்பார்கள். மணலோ கெட்டித் தீனியோ அடைத்திருந்தால் பெருங்குடலின் வளைவை மேஜைக்கு வெளியே இழுத்துத் துளை போட்டு, ஹோஸ் பைப்பை உள்ளே விட்டு வெதுவெதுப்பான தண்ணீரால் கழுவிக் கொட்டுவார்கள். செத்த சிறுகுடலாக இருந்தால் பல அடி நீளத்தை வெட்டி எறிந்துவிட்டு, நல்ல முனைகள் இரண்டையும் சேர்த்துத் தைப்பார்கள். திறந்து பார்த்ததும் காப்பாற்ற முடியாது என்று தெரிந்தால், மயக்கத்திலேயே உயிரை விடச் செய்வதும் உண்டு.

இவ்வளவும் செய்ய இரண்டு, மூன்று மணி நேரம் ஆகும். அதற்குள் முடிப்பது அவசியம். அரை டன் உடம்பு மல்லாக்கக் கிடந்தால் தன் எடையிலேயே தசை நசுங்கும், நுரையீரல் அமுங்கி மூச்சு குறையும்.

எழுந்து நிற்கிற அரை மணி நேரம்

தையல் போட்டாகிவிட்டது. மனுஷனாக இருந்தால் ஆபத்து முக்கால்வாசி தாண்டிவிட்டது என்று வெளியே வந்து சொல்லுவார்கள். குதிரைக்கு அப்படி இல்லை.

மனுஷன் மயக்கம் தெளிந்தால் கட்டிலில் கிடப்பான். குதிரை அப்படிக் கிடக்காது. காட்டில் விழுந்து கிடந்த குதிரையைப் புலியோ ஓநாயோ தின்றுவிடும் என்பது அதன் ரத்தத்தில் ஊறிப் போனது. கண் திறந்ததும், காலில் பலம் வந்ததோ இல்லையோ, எழுந்து ஓடத்தான் பார்க்கும். குடிகாரன் மாதிரி தள்ளாடி விழும். மறுபடி எழும், சுவரில் மோதும். ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தும் இந்தக் கட்டத்தில் கால் உடைந்து செத்த குதிரைகள் உண்டு. வயிற்று ஆபரேஷனே இல்லாமல் வேறு சாதாரண காரணத்துக்கு மயக்கம் கொடுத்தாலும் சுமார் நூறில் ஒரு குதிரை செத்துப்போகிறது. கோலிக் குதிரைக்கு அது இன்னும் அதிகம். மனுஷர்களுக்கு இந்த ஆபத்து பல மடங்கு குறைவு.

கால் உடைந்தால் என்ன, கட்டுப் போடலாமே என்று கேட்கலாம். டேராடூனில் 2016 மார்ச்சில் கால் முறிந்த 'சக்திமான்' என்ற போலீஸ் குதிரை பலருக்கு ஞாபகம் இருக்கும். காலை எடுத்து, செயற்கைக் கால்கூடப் பொருத்திப் பார்த்தார்கள். ஏப்ரலில் செத்துப்போனது. மூன்று காலில் நிற்கிற உடம்பு குதிரைக்கு இல்லை.

அதனால்தான் ஆபரேஷன் முடிந்ததும் தரையும் சுவரும் மெத்தையாக உள்ள அறையில் குதிரையைப் படுக்க வைத்து, வெளிச்சத்தைக் குறைத்து, சத்தம் போடாமல் இருப்பார்கள். சீக்கிரம் எழ வேண்டாம் என்று லேசாக மயக்குகிற ஊசி இன்னும் கொஞ்சம் போடுவார்கள். பல ஆஸ்பத்திரிகளில் தலையில் ஒரு கயிறு, வாலில் ஒரு கயிறு கட்டி, சுவர் வளையத்தின் வழியாக வெளியே இருந்து ஆட்கள் பிடித்திருப்பார்கள். குதிரை எழ முயலும்போது வாலைத் தூக்கிக் கொடுத்து, தலையைத் தாங்கிப் பிடிப்பார்கள். நாலு காலும் ஊன்றி அசையாமல் நின்ற பிறகுதான் எல்லோரும் மூச்சு விடுவார்கள்.

லத்தி விழுந்தால் நல்ல சேதி

அடுத்த சில நாட்கள் கழுத்து நரம்பில் சலைன். சாதாரணத் தேவைக்கே மணிக்கு ஒரு லிட்டர் வேண்டும், இழப்பு இருந்தால் இன்னும் கூடுதல். கையால் தொட்டுப் பிசைந்த குடல் சில நேரம் வேலைநிறுத்தம் செய்துவிடும். அசையாது. அப்போது மூக்குக் குழாய் விட்டு, சில மணி நேரத்துக்கு ஒரு தடவை தேங்கியதை இறக்க வேண்டும். ராத்திரி பகல் பார்க்க முடியாது. வயிற்றில் காது வைத்துக் குடல் சத்தம் கேட்பார்கள். குதிரைச் சாணத்தை லத்தி என்பார்கள். முதல் லத்தி விழுந்ததும் ஆஸ்பத்திரியில் திருவிழாதான்.

தீனி உடனே கிடையாது. டாக்டர் சொன்ன பிறகு ஒரு கைப்பிடி பச்சைப் புல். தாங்கினால் சில மணி நேரம் கழித்து இன்னொரு கைப்பிடி. "பாவம், பசியா இருக்குமே" என்று கொள்ளும் தவிடும் வைத்தால் போட்ட தையலுக்கு அர்த்தமில்லை.

வயிற்று நோய்க்கும் காலுக்கும் என்ன சம்பந்தம் என்று தோன்றும். குடலில் இருந்து ரத்தத்தில் கலந்த விஷம் குளம்புக்குள் இறங்கி அழற்சி உண்டாக்கும். முற்றினால் உள்ளே எலும்பே நகர்ந்துவிடும். அதனால் காலை ஐஸ் கட்டியில் வைப்பார்கள். தையலில் சீழ் வைக்கிறதா, காய்ச்சல் இருக்கிறதா, பேதி ஆகிறதா, சலைன் போட்ட கழுத்து நரம்பு கயிறு மாதிரி தடிக்கிறதா என்று தினமும் பார்ப்பார்கள்.

மயக்கம் தெளிந்து எழுந்து நின்ற குதிரைகளில் பெரும்பாலானவை வீடு திரும்புகின்றன. சிறுகுடலை வெட்டி ஒட்டிய குதிரைகளுக்கு மட்டும் வாய்ப்பு குறைவு.

மூன்று மாதம் சவாரி இல்லை

வெளித் தையலைப் பத்துப் பதினாலு நாளில் பிரிப்பார்கள். தோல் ஒட்டிவிட்டதே என்று சேணம் போடக் கூடாது. உள்ளே இருக்கிற நார்ப்பட்டைக்குப் பலம் திரும்ப சுமார் இரண்டு மாதம் ஆகும். முதல் மாதம் லாயத்திலேயே கட்டிவைத்து, கயிறு பிடித்து மெதுவாக நடத்திப் புல் மேய விடுவார்கள். இரண்டாவது மாதம் சின்ன அடைப்புக்குள் தானாக நடக்கலாம். அதற்குப் பிறகுதான் படிப்படியாக வேலை. முதுகில் ஆள் ஏற சுமார் மூன்று மாதம். அவசரப்பட்டால் தைத்த இடம் பிதுங்கிக் குடல் இறங்கிவிடும். பிழைத்துச் சரியாகத் தேறிய குதிரைகள் பழையபடி ஓடுகின்றன, பந்தயத்திலும் கூட.

கடற்கரைக் குதிரைக்கு ஒரு சோதனை

மெரினா மாதிரி இடங்களில் தீனியை மணல் மேலேயே கொட்டினால் ஒவ்வொரு வாய்க்கும் கொஞ்சம் மணல் உள்ளே போகும். பெருங்குடலின் அடியில் படியும். கிலோக் கணக்கில் சேரும். ஊட்டியில் குப்பை மேய்கிற மட்டக் குதிரைகளுக்கு மணலுக்குப் பதில் பிளாஸ்டிக் பை.

தீனியைத் தொட்டியிலோ கோணிமேலோ வைத்தாலே பாதி பிரச்சினை தீரும். எந்நேரமும் குடிக்கத் தண்ணீர் வேண்டும், ஒரு குதிரைக்கு ஒரு நாளைக்கு 25 லிட்டருக்குக் குறையாமல் தேவை. தீனியை மாற்றினால் ஒரே நாளில் மாற்றாமல் ஒரு வாரம், பத்து நாள் எடுத்துக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்ற வேண்டும்.

மணல் சேர்கிறதா என்று பார்க்கச் செலவே இல்லாத சோதனை ஒன்று இருக்கிறது. தரையில் படாத மேல் லத்தியில் நாலைந்து உருண்டைகளை எடுத்து, ரப்பர் கையுறையிலோ கண்ணாடி பாட்டிலிலோ போட்டு, தண்ணீர் ஊற்றிக் கரைத்துக் கால் மணி நேரம் அசைக்காமல் வைத்தால் போதும். மணல் இருந்தால் அடியில் தங்கும். ஒரு தடவை தங்காவிட்டால் குடலில் மணலே இல்லை என்று சொல்ல முடியாது, வேறு நாளிலும் பார்க்க வேண்டும். தங்கினால் அந்தப் பாட்டிலோடு அன்றைக்கே கால்நடை டாக்டரைப் போய்ப் பார்க்கலாம்.