குடலில் குடியிருப்போரும் அவர்கள் விடுக்கும் நுண்பைகளும்

சங்கங்களைப் பார்வையிடச் செல்லுமிடங்களில் நாம் அடிக்கடி காணும் காட்சி ஒன்றுண்டு. தறி ஒன்று ஓடாமல் நிற்கும். காரணம் வினவினால், "வயிற்றுப்போக்கு, கடையில் கேட்டு ஆன்டிபயாடிக் மாத்திரை வாங்கிப் போட்டிருக்கிறோம்" என்பர். அம்மாத்திரை வயிற்றுக்குள் சென்று யார் யாரை அழிக்கின்றது என்பதை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை.

மனித உடலில் ஏறத்தாழ 38 லட்சம் கோடி பாக்டீரியாக்கள் வாழ்கின்றன என்று 2016ஆம் ஆண்டில் விஞ்ஞானிகள் கணக்கிட்டனர். இவற்றின் மொத்த எடை சுமார் 200 கிராமே. மிகப் பெரும்பாலானவை பெருங்குடலில் உள்ளன. நம்மால் செரிக்க இயலாத நார்ப்பொருளை இவை செரிக்கின்றன. தீய கிருமிகள் வந்து தங்க இடம் கொடாமல் தடுக்கின்றன.

இவற்றுள் ஒரு பெரும் பிரிவுக்கு இரட்டைத் தோல் உண்டு. வெளித்தோல் ஆங்காங்கே கொப்புளம்போல் புடைத்து, கழன்று, சிறு பையாகப் பிரிந்து செல்லும். ஒரு மில்லிமீட்டர் நீளத்தில் இத்தகைய பைகளை 4,000 முதல் 50,000 வரை வரிசையாக அடுக்கலாம், அத்துணைச் சிறியவை. குடற்சுவரின் மீதுள்ள சளிப்படலம் பாக்டீரியாவைத் தடுத்து நிறுத்துகின்றது. பையோ அதனூடே புகுந்து சுவரை அடைகின்றது. ஆகவே, தான் செல்ல இயலாத இடத்துக்குப் பாக்டீரியா தன் சரக்கை அனுப்பும் வழி இதுவெனலாம்.

சரக்கு நல்லதாகவும் இருக்கலாம், நஞ்சாகவும் இருக்கலாம். வாந்திபேதிக் கிருமியின் வெளித்தோல் இவ்வாறு புடைத்துக் கழல்வதை 1967இல் கல்கத்தாவைச் சேர்ந்த சாட்டர்ஜி, தாஸ் என்னும் ஆய்வாளர்கள் எலெக்ட்ரான் மைக்ராஸ்கோப் வாயிலாகக் கண்டு வெளியிட்டனர். பேதியை உண்டாக்கும் ஒருவகை ஈ.கோலை பாக்டீரியா, தன் நஞ்சை இத்தகைய பைகளில் ஏற்றிக் குடலின் செல்களுக்குள் சேர்ப்பது பின்னர் தெரியவந்தது. நஞ்சு சேர்ந்தவுடன் செல்கள் உப்பையும் நீரையும் வெளியே கொட்டுகின்றன, அதுவே பேதி.

நல்லோர் செய்வதையும் காண்போம். பாக்டீராய்டஸ் என்னும் இனத்தார் நார்ப்பொருளை உடைக்கும் நொதிகளைப் பைகளில் வைத்து வெளியே விடுகின்றனர். அந்நொதிகள் இல்லாத அண்டை இனங்களும் அதனால் உணவு பெறுகின்றன. இவ்வினத்துள் ஒன்றின் பைகள், எலிகளின் குடல் அழற்சியைத் தடுத்தன என்று 2012இல் அமெரிக்காவில் கண்டனர். முதல் உலக யுத்தத்தின்போது, தோழர்கள் பேதியால் வருந்தியும் தான் நோயுறாத ஒரு போர்வீரரிடமிருந்து, 1917இல் ஜெர்மானிய மருத்துவர் ஆல்பிரட் நிஸ்லே ஓர் ஈ.கோலை வகையைப் பிரித்தெடுத்தார். அது இன்றும் மருந்தாக வழங்குகின்றது. அதன் பைகளும் குடற்சுவரை உறுதிப்படுத்துவது ஆய்வுக்கூடச் சோதனைகளில் தெரிகின்றது.

எனினும், நற்பைகளைப் பற்றிய இச்செய்திகளிற் பெரும்பாலானவை எலிகளிடத்தும் ஆய்வுக்கூடத்திலும் கண்டவையே. இவற்றைக் காட்டி விலையுயர்ந்த பொடிகளை எவரேனும் விற்க வந்தால் அன்பர்கள் ஏமாறலாகாது.

நாம் செய்யத்தக்கவை எளியவை. ஆன்டிபயாடிக் பகைவரையும் குடியிருப்போரையும் பிரித்தறியாது. குடியிருப்போர் அழிந்தால் அவ்விடத்தில் வேறு தீய கிருமிகள் பெருகக்கூடும். ஆதலின் மருத்துவர் சொல்லாமல் அதனை வாங்கி உண்ணுதல் கூடாது. பேதி கண்டவுடன் ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தை, உறையில் குறித்த அளவு சுத்தமான நீரில் கரைத்து அடிக்கடி பருகத் தருக. கைக்குழந்தைக்குத் தாய்ப்பாலை நிறுத்தலாகாது. மலத்தில் இரத்தம் கண்டாலும், காய்ச்சல் மிகுந்தாலும், குழந்தை சோர்ந்து நீர் பருக மறுத்தாலும் உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்க. நலமாயிருக்கும் நாட்களில் கீரை, பயறு, வெங்காயம், சிறுதானியம் ஆகியவற்றைத் தவறாது உண்க; அவை நமக்கு மட்டுமன்று, குடலில் குடியிருப்போர்க்கும் உணவாகும்.