மைனஸ் 30-ல் எலெக்ட்ரிக் கார் ஓடுமா? நார்வே பனி சொல்லும் பாடமும் புதுக்கோட்டை வெயில் தரும் எச்சரிக்கையும்

மார்கழி அதிகாலையில் வெப்பநிலை 20 டிகிரி செல்சியஸை ஒட்டி இறங்கினாலே புதுக்கோட்டையில் மப்ளரும் ஸ்வெட்டரும் வெளியே வந்துவிடும். அதே நாளில் டொரன்டோவிலும் ஆஸ்லோவிலும் வேலை பார்க்கும் தமிழர்கள், காரின் மேல் படிந்த பனியைச் சுரண்டிவிட்டு மைனஸ் 15 டிகிரியில் ஆபீஸுக்குக் கிளம்புவார்கள். அங்கே கார் வாங்கப்போகும் பலரின் கேள்வி ஒன்றுதான்: “எலெக்ட்ரிக் கார் நல்லாத்தான் இருக்கு. ஆனா, குளிர்ல பேட்டரி படுத்துடுமாமே?”

சுருக்கமான பதில்: கார் ஓடும். ஆனால், கம்பெனி சொன்ன கிலோமீட்டர் கிடைக்காது. கோடி ரூபாய் சொகுசு காராக இருந்தாலும் இதுதான் கதி. ஏன் அப்படி? நம்மூர் வெயிலுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்? விரிவாகப் பார்க்கலாம்.

சிகாகோவில் என்ன நடந்தது?

2024 ஜனவரியில் அமெரிக்காவின் சிகாகோவைக் கடும் குளிர் அலை தாக்கியது. சார்ஜிங் நிலையங்களில் டெஸ்லா கார்கள் மணிக்கணக்கில் வரிசையில் நின்றன. சில கார்கள் சார்ஜ் ஏறாமல் அங்கேயே நின்றுபோய், இழுவை வண்டியில் கட்டி இழுத்துச் செல்லப்பட்டன. அந்த வீடியோக்கள் உலகம் முழுக்க வைரலாகின.

அதே மாதம் வடக்கு நார்வேயில் சில இடங்களில் வெப்பநிலை மைனஸ் 40-க்கும் கீழே போனது. நார்வேயில் 2024-ல் விற்ற புதிய கார்களில் 88.9 சதவீதம் முழு எலெக்ட்ரிக் கார்கள். அந்த நாடு ஸ்தம்பித்துவிடவில்லை.

வித்தியாசம் காரில் இல்லை, பழக்கத்தில் இருக்கிறது. நார்வேயில் பெரும்பாலானோர் இரவில் வீட்டிலேயே சார்ஜ் போடுகிறார்கள். பொது சார்ஜரை மட்டும் நம்பி, பேட்டரி காலியாகும் நேரத்தில், உறைந்த பேட்டரியோடு வந்து வரிசையில் நின்றால்தான் சிக்கல். குளிர்ந்த பேட்டரி மெதுவாகத்தான் சார்ஜ் ஆகும். அதனால் வரிசை நீளும். காத்திருக்கும் நேரத்தில் ஹீட்டர் மிச்சமிருக்கும் சார்ஜையும் தின்றுவிடும்.

குளிரில் பேட்டரிக்கு என்னதான் ஆகிறது?

லித்தியம் அயான் பேட்டரிக்குள் ஒரு திரவம் இருக்கிறது. அதன் வழியாகத்தான் அயனிகள் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நகர்கின்றன. மார்கழியில் தேங்காய் எண்ணெய் பாட்டிலைக் கவிழ்த்தால் சட்டென்று வராதே, கிட்டத்தட்ட அதே மாதிரிதான். குளிரில் அந்தத் திரவம் கெட்டியாகிறது, அயனிகளின் ஓட்டம் மந்தமாகிறது. பேட்டரிக்குள் மின்சாரம் இருந்தும் முழுசாக எடுக்க முடியாது.

சார்ஜ் ஏற்றுவது இன்னும் சிக்கல். பூஜ்ஜியம் டிகிரிக்குக் கீழே வேகமாகச் சார்ஜ் செய்தால், லித்தியம் உள்ளே போய் உட்காராமல் மேற்பரப்பில் உலோகமாகப் படியும். இது நிரந்தர சேதம். அதனால்தான் காரின் கட்டுப்பாட்டு மென்பொருள் முதலில் பேட்டரியைச் சூடாக்கிவிட்டு, அப்புறம்தான் வேகமான சார்ஜிங்கை அனுமதிக்கிறது. எல்.எஃப்.பி. வகை பேட்டரிகளில் இந்தக் குளிர் பிரச்சினை கொஞ்சம் அதிகம்.

பெட்ரோல் காருக்கு இந்தத் தலைவலி ஏன் இல்லை?

பெட்ரோல் இன்ஜின் எரிபொருளின் பெரும்பங்கை வெப்பமாக வீணடிக்கிறது. குளிர்காலத்தில் அந்த வீண் வெப்பமே காருக்குள் இலவச ஹீட்டர். எலெக்ட்ரிக் மோட்டார் அவ்வளவு வீணடிப்பதில்லை. எனவே, கேபினைச் சூடாக்கத் தனியாக மின்சாரம் செலவழிக்க வேண்டும்.

ஒரு சின்ன கணக்கு: 100 கி.மீ. ஓட 20 யூனிட் செலவாகும் கார் என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு 50 கி.மீ. வேகத்தில் போனால் ஒரு மணி நேரத்தில் 10 யூனிட் செலவு. ஹீட்டர் தனியாக 4 யூனிட் இழுத்தால் மொத்தம் 14. அதாவது 40 சதவீதம் கூடுதல். டிராஃபிக்கில் ஊர்ந்து போனால் இன்னும் மோசம். சக்கரம் உருளாவிட்டாலும் ஹீட்டர் ஓடிக்கொண்டுதானே இருக்கும்?

அமெரிக்காவின் ஏ.ஏ.ஏ. வாகன ஓட்டிகள் அமைப்பு 2019-ல் 5 எலெக்ட்ரிக் கார்களைச் சோதித்தது. மைனஸ் 6.7 டிகிரியில் ஹீட்டரோடு ஓட்டியபோது ரேஞ்ச் சராசரியாக 41 சதவீதம் குறைந்தது. ஹீட்டர் இல்லாமல் ஓட்டியபோது இழப்பு 12 சதவீதம்தான். ஆக, ரேஞ்சை அதிகம் குறைப்பது பனியைவிட ஹீட்டர்தான்.

இதற்குத் தீர்வாக வந்ததுதான் ‘ஹீட் பம்ப்’. ஏ.சி.யைத் திருப்பிப் போட்ட மாதிரி, வெளிக்காற்றிலும் மோட்டாரிலும் இருக்கும் வெப்பத்தை உறிஞ்சி உள்ளே தள்ளும். ஒரு யூனிட் மின்சாரத்துக்கு இரண்டு, மூன்று யூனிட் அளவுக்கு வெப்பம் கிடைக்கும். ஆனால், குளிர் கூடக் கூட இதன் பலனும் குறையும்.

சொகுசு கார்கள் தப்பிக்கின்றனவா?

நார்வேயின் என்.ஏ.எஃப். வாகன ஓட்டிகள் அமைப்பு ஆண்டுதோறும் குளிர்காலத்தில் ‘எல் பிரி’ என்ற சோதனையை நடத்துகிறது. முழு சார்ஜுடன் கிளம்பி, கார் தானாக நிற்கும் வரை ஓட்டுவார்கள். 2025 ஜனவரி சோதனையில் போல்ஸ்டார் 3 கார் 531 கி.மீ. ஓடியது. அறிவிக்கப்பட்ட ரேஞ்ச் 560 கி.மீ. இழப்பு வெறும் 5 சதவீதம்.

2026 ஜனவரியில் குளிர் மைனஸ் 31 வரை போனது. 960 கி.மீ. ரேஞ்ச் கொண்ட லூசிட் ஏர் 520 கி.மீ.யில் நின்றுவிட்டது. இழப்பு 46 சதவீதம். இருந்தாலும், பெரிய பேட்டரி என்பதால் பாதி போயும் 500 கி.மீ. மிஞ்சியது. விலை உயர்ந்த கார் வாங்குபவருக்குக் கிடைப்பது இந்த உபரிதான். குளிரிலிருந்து விலக்கு கிடைக்காது.

நார்வே நமக்கு அந்நியமான ஊரும் இல்லை. வடக்கே ஃபின்மார்க் பகுதியின் மீன் ஆலைகளில் இலங்கைத் தமிழர்கள் பல்லாண்டுகள் உழைத்திருக்கிறார்கள். யாழ்ப்பாணத்தில் பிறந்த கம்சாயினி குணரத்தினம் 2015-ல் ஆஸ்லோவின் துணை மேயரானார், 2021-ல் நாடாளுமன்றத்துக்கும் தேர்வானார்.

பனியில் மாட்டிக்கொண்டால் உயிருக்கு ஆபத்தா?

2022 ஜனவரியில் பாகிஸ்தானின் முரீ மலையில் பனிப்பொழிவில் சிக்கிய கார்களுக்குள் 20-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். உறைகுளிரோடு கார்பன் மோனாக்சைடு வாயுவும் அதற்குக் காரணமாகச் சொல்லப்பட்டது. புகைக்குழாயைப் பனி மூடிய நிலையில் இன்ஜினை ஓடவிட்டால், அந்த விஷவாயு காருக்குள்ளேயே புகும்.

எலெக்ட்ரிக் காரில் புகைக்குழாயே இல்லை. 40 யூனிட் மிச்சமிருந்து, ஹீட்டர் மணிக்கு 2 யூனிட் இழுத்தால் 20 மணி நேரம் தாங்கும். ஆனால், 5 யூனிட்தான் இருக்கிறது என்றால் இரண்டரை மணி நேரத்தில் கதை முடிந்தது. பனிப்பிரதேசத்தில் சார்ஜை 20 சதவீதத்துக்குக் கீழே விடாதீர்கள் என்று சொல்வது அதனால்தான்.

வெளிநாட்டில் இருப்பவர்கள் கவனிக்க...

* கிளம்பும் முன், சார்ஜர் செருகியிருக்கும்போதே ஆப் மூலம் காரைச் சூடாக்குங்கள். அந்தச் செலவு வீட்டு மின்சாரத்தில் போகும், பேட்டரியில் கைவைக்காது.
* வேக சார்ஜருக்குப் போகும்போது அதை நேவிகேஷனில் போடுங்கள். பல கார்கள் வழியிலேயே பேட்டரியைச் சூடாக்கித் தயார் செய்துவிடும்.
* மொத்தக் காற்றையும் சூடாக்குவதைவிட சீட் ஹீட்டரும் ஸ்டியரிங் ஹீட்டரும் சிக்கனம்.
* குளிர்கால டயர் அவசியம். கனடாவின் கியூபெக்கில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை அது சட்டப்படி கட்டாயம். இரண்டரை டன் கார் பனிக்கட்டியில் வழுக்கினால், ஆல் வீல் டிரைவ் இருந்தும் பிரேக் பிடிக்காது.
* ஆக்சிலரேட்டரை விட்டதும் கார் தானாக வேகம் குறையும் ‘ரீஜென்’ வசதியை வழுக்கும் சாலையில் குறைந்த அளவில் வையுங்கள்.

ஊட்டிக்குப் போகிறவர்களுக்கும் ஒரு டிப்ஸ்

மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டி சுமார் 1,900 மீட்டர் ஏற்றம். இரண்டரை டன் காரை அவ்வளவு உயரம் தூக்குவதற்கே சுமார் 13 யூனிட் வேண்டும். இறங்கும்போது அதில் ஒரு பகுதி பேட்டரிக்குத் திரும்பும். ஆனால், உறைபனி விழுந்த காலையில் 100 சதவீதம் சார்ஜோடு இறங்கினால், பேட்டரியில் இடமும் இருக்காது, ரீஜென்னும் வேலை செய்யாது. பிரேக்கை மட்டுமே நம்பி மலை இறங்க வேண்டிவரும். அதனால் மேலே 80 சதவீதத்தோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

புதுக்கோட்டைக்கு என்ன பாடம்?

நல்ல வானிலையில் நிஜமாகவே 400 கி.மீ. ஓடும் கார் ஒன்று புதுக்கோட்டையிலிருந்து சென்னைக்குக் கிளம்புகிறது. தூரம் சுமார் 385 கி.மீ. நார்வே குளிர் இங்கே வந்தால், 41 சதவீதம் போக மிஞ்சுவது 236 கி.மீ. விழுப்புரத்தைத் தாண்டியதும் நின்றுவிடும். நம்மூர் வெயிலில்? அதே ஏ.ஏ.ஏ. சோதனையில் 35 டிகிரியில் ஏ.சி.யோடு ஓட்டியபோது இழப்பு 17 சதவீதம். ஆக 332 கி.மீ. செங்கல்பட்டு வரை போகலாம்.

“அப்போ நமக்குப் பிரச்சினை கம்மிதானே?” என்று தோன்றலாம். இங்கேதான் கவனம் தேவை. குளிரில் குறைந்த ரேஞ்ச், கோடையில் திரும்பி வந்துவிடும். வெயிலில் தேயும் பேட்டரி திரும்பி வராது. வெப்பம் பேட்டரிக்குள் நடக்கும் வேதிவினைகளை வேகப்படுத்தி, அதன் கொள்ளளவை வருஷா வருஷம் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைக்கிறது. முழு சார்ஜில், கத்திரி வெயிலில், நாள் முழுக்க நிறுத்திவைப்பதுதான் இருப்பதிலேயே மோசம்.

நிழலில் நிறுத்துவது, தினசரி ஓட்டத்துக்கு 80 சதவீதத்தோடு சார்ஜை நிறுத்துவது, வெயிலில் ஓடிவந்த கையோடு வேக சார்ஜரில் போடாமல் கொஞ்சம் ஆறவிடுவது ஆகிய மூன்றும் காசில்லாத பராமரிப்பு. வாங்கும்போது பேட்டரியைத் திரவத்தால் குளிர்விக்கும் வசதி இருக்கிறதா என்று கட்டாயம் கேளுங்கள். ஷோரூமில் சொல்லும் ரேஞ்சை அப்படியே எடுத்துக்கொள்ளாமல், ஆஸ்லோவில் ஜனவரியையும் புதுக்கோட்டையில் மே மாதத்தையும் மனதில் வைத்துக் கணக்கு போட்டால், நடுரோட்டில் நிற்க வேண்டிய அவசியம் வராது.